இடது காலரில் பச்சை நூல்

இராயபுரம்,
9-11-1969

சேசு மரி சூசை

என் அன்பான எல்சி அப்பாவுக்கு தேவப்பிரியம் எழுதிக்கொண்டது. மாதா புண்ணியத்தில் நானும் எல்சியும் சுகமாக இருக்கிறோம். பம்பாயில் உங்கள் சுகத்தையும், கப்பல் மறுபடி எப்போது கிளம்புகிறது என்பதையும் எழுதவும்.

நீங்கள் அனுப்பிய போட்டோ வியாழக்கிழமை வந்தது. கல்யாணமான வருஷத்திலிருந்து ஒவ்வொரு டிசம்பர் முப்பத்தொன்றும் வண்ணாரப்பேட்டைக்குப் போய் எடுத்துக்கொண்ட எட்டுப் படமும் சுவரில் வரிசையாக இருக்கின்றன. இந்த வருஷம் அந்த வரிசை நின்றுபோகிறதே என்று இருந்தேன். நீங்கள் முன்கூட்டியே தனியாக எடுத்து அனுப்பிவிட்டீர்கள். எல்சி அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், "எங்கப்பா கப்பல்ல கீறாரு" என்று டீச்சர் வரைக்கும் காட்டிவிட்டு வந்தாள்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. ஷூ தெரியாத போட்டோ எதற்கு என்று எட்டு வருஷமும் போட்டோக்காரரோடு மல்லுக்கு நின்றவர் நீங்கள். பேண்ட் மடிப்பு கலையும் என்று பஸ்ஸில் இடம் இருந்தாலும் நின்றுகொண்டே வருகிற ஆள். இந்தப் படம் மட்டும் இடுப்போடு நின்றுவிட்டது. ஏன்? அப்புறம் அந்தக் கோட்டு. வெள்ளைக்காரன் காலத்து அகலக் காலர், இரண்டு வரிசைப் பொத்தான். உங்களுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு சட்டைத் துணி எடுப்பதென்றாலும் என்னைக் கூட்டிக்கொண்டுதானே கடைக்குப் போவீர்கள்? அங்கே யாரைக் கூட்டிக்கொண்டு போனீர்கள்?

உங்கள் அன்பு மனைவி,
தேவப்பிரியம்


பம்பாய்,
20-11-1969

என் பிரியத்துக்கு,

கடிதம் கிடைத்தது. புருஷனுக்கு எழுதுகிற கடிதமா, போலீஸ் ஸ்டேஷன் விசாரணையா என்று இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். இங்கே ஸ்டுடியோ அறை சின்னது. கேமராக்காரர் பின்னால் தள்ளிப் போக இடம் கிடையாது. அதனால்தான் கால் விழவில்லை.

கோட்டு என்னுடையதுதான். பழந்துணிக் கடைத்தெருவில் வாங்கினேன். இத்தாலிக் கப்பல் கேப்டன் ஒருவர் போட்டுக் கழித்ததாம். பம்பாயில் இப்போது பழைய மாடலுக்குத்தான் மவுசு. காலேஜ் பையன்கள் தாத்தா கோட்டைத் தேடி அலைகிறார்கள். நம் இராயபுரத்துக்கு இந்த ஸ்டைல் வந்து சேர இன்னும் ஐந்து வருஷம் ஆகும். கூட அறைக்கூட்டாளி ரகுபதி மட்டும்தான் வந்தான். நீ நினைக்கிற மாதிரி ஒருத்தரும் இல்லை.

டிசம்பர் நடுவில் கப்பல் ஏடன் புறப்படுகிறது. கடல் நீலத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எல்சிக்கு என் முத்தம். வழக்கம்போல ரகுபதி விலாசத்துக்கே எழுது.

உன் செல்வநாதன்


இராயபுரம்,
30-11-1969

சேசு மரி சூசை

அன்பான எல்சி அப்பாவுக்கு,

நான் ஒன்பதாம் தேதி போட்ட கடிதத்துக்கு நீங்கள் இருபதாம் தேதி பதில் எழுதியிருக்கிறீர்கள். அது இங்கே வந்து சேர இன்னும் எட்டு நாள். பக்கத்து வீட்டு சிலுவையம்மாள் அக்காவின் வீட்டுக்காரர் பம்பாயில் இருந்தபோது நாலாம் நாள் கடிதம் வந்துவிடும் என்கிறாள். உங்கள் கடிதம் மட்டும் வழியில் எங்கே தங்கிவிட்டு வருகிறது?

கோட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஏலத்தில் எடுக்கிற பழைய துணியை ஜாபர் பாய் கொண்டுவந்து போடுகிறார், நான் பிரித்துச் சின்னதாக்கித் தைத்துக் கொடுக்கிறேன். உங்கள் மணியார்டர் போக அதில்தான் எங்கள் சோறு என்பது உங்களுக்குத் தெரியும். அந்தத் தொழில் ஆசையில் கேட்கிறேன். உங்கள் இத்தாலிக் கோட்டு நல்லபடி இருக்கிறதா? பூச்சி அரித்த இடம் உண்டா? எங்காவது ஓட்டையை மூடி இழை ஓட்டியிருந்தால் எந்த நிற நூலில் ஓட்டியிருக்கிறது? பார்த்து எழுதுங்கள்.

இன்னொன்று முடிவு செய்துவிட்டேன். தையல் மெஷினை ஜாபர் பாய் வீட்டு ரஹீமுன்னிசா எடுத்துக்கொள்கிறேன் என்கிறாள். கொடுத்துவிட்டு ஜனவரி முதல் வாரம் நானும் எல்சியும் பம்பாய்க்கே வந்துவிடுகிறோம். "கப்பல்காரன் எந்தூர்ல எத்தினி வூடு வெச்சிருப்பானோ" என்று தண்ணீர்க் குழாயடியில் என் காதுபடப் பேசுகிறார்கள். எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. மறைக்கவில்லை, சொல்லிவிட்டேன். நாங்கள் வரலாமா, கூடாதா? ஒரே வார்த்தை எழுதுங்கள்.

தேவப்பிரியம்


பம்பாய்,
10-12-1969

பிரியம்,

அவசரப்பட்டு மெஷினை விற்றுவிடாதே. இங்கே வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. நான் ரகுபதியோடு பத்துப் பேர் படுக்கிற அறையில் கிடக்கிறேன். பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு நீ எங்கே தங்குவாய்? பதினைந்தாம் தேதி கப்பல் ஏறினால் திரும்ப இரண்டு மாதம். வந்து யாரைப் பார்ப்பாய்? அடுத்த வருஷம் நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். குழாயடிப் பேச்சுக்கெல்லாம் காது கொடுக்காதே.

நீ கேட்டதற்காகச் சொல்கிறேன். கோட்டில் இடது காலரில் விரல் நீளத்துக்கு இழை ஓட்டியிருக்கிறது. கோட்டு நிறத்திலேயே நூல் எடுத்திருக்கிறார்கள். தடவிப் பார்த்தால்தான் தெரியும். கைதேர்ந்த வேலை. இத்தாலிக்காரன் இத்தாலிக்காரன்தான்.

உன் செல்வநாதன்


இராயபுரம்,
19-12-1969

பெறுநர்: செல்வநாதன், கரிக்கிடங்கு லைன் வீடுகள், கத்திவாக்கம், எண்ணூர்.

எல்சி அப்பாவுக்கு,

இந்தக் கடிதம் பம்பாய் சுற்றி வரவில்லை, நேராக உங்களுக்கே வருகிறது.

அந்தக் கோட்டு இத்தாலிக்காரனுடையது இல்லை. ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரர் வீட்டு ஏலத்தில் ஜாபர் பாய் எடுத்தது. ஆகஸ்டில் அதன் தோளைப் பிரித்துச் சின்னதாக்கியவள் நான். பொத்தான் ஒன்று குறைந்தது. எல்சியின் மூன்று வயசு கவுனில் இருந்த நட்சத்திரப் பொத்தானை எடுத்து இரண்டாவதாக வைத்தேன். போட்டோ உறையைப் பிரித்த அன்றைக்கே அது என் கண்ணில் பட்டுவிட்டது. இருந்தும், உலகத்தில் அப்படி இன்னொரு பொத்தான் இருக்காதா என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு அந்த ஒன்பதாம் தேதிக் கடிதத்தை எழுதினேன். பூச்சி அரித்த காலருக்குக் காப்பிக்கொட்டை நிற நூல் கைவசம் இல்லாமல் பச்சை நூலில் இழை ஓட்டினேன். நான் தயங்கியதற்கு ஜாபர் பாய், "ஸ்டுடியோக்காரனுக்குத்தாம்மா குடுக்கப்போறேன். போட்டோல பச்சையின்னா செவப்பின்னா, எல்லாம் கறுப்புதான்" என்றார். அந்தப் பச்சையை நீங்கள் கோட்டு நிறம் என்று எழுதியிருக்கிறீர்கள். பொய் சொல்கிறவர் கொஞ்சம் பார்த்தாவது சொல்லக் கூடாதா?

ஜாபர் பாய் கோட்டு கொடுத்தது திருவொற்றியூர் தேரடிப் பக்கத்து ஸ்டுடியோவுக்கு. இந்த மாசம் முதல் தேதியே ரஹீமுன்னிசாவைக் கூட்டிக்கொண்டு போனேன். போட்டோவைக் காட்டியதும் அந்த ஆள் சிரித்தார். "கத்திவாக்கம் கரிக்கிடங்கு லைன் வீட்டு ஆளுதானே? மேல கோட்டு, கீழ கரி அப்பின லுங்கி. காலு தெரியக் கூடாதுன்னு நாலு வாட்டி சொன்னாரு" என்றார். நான் சிரித்தபடி கேட்டுக்கொண்டேன்.

வெளியே வந்தால் எண்ணூர் பஸ் நிற்கிறது. ரஹீமுன்னிசா ஏறு என்றாள். நான் ஏறவில்லை. உங்கள் வாசலில் வேறொருத்தியின் புடவை காய்ந்துகொண்டிருந்தால் அதை எப்படிப் பார்ப்பேன்? உங்கள் பதில் வரட்டும், அதில் உண்மை இருக்கும் என்று பதினெட்டு நாள் காத்திருந்தேன். வந்தது இத்தாலிக்காரன்.

யார் அவள்?

தேவப்பிரியம்


கத்திவாக்கம்,
23-12-1969

பிரியம்,

மாதா மேல் ஆணையாக ஒருத்தியும் இல்லை. என் வாசலில் காய்வது என் லுங்கி ஒன்றுதான்.

பம்பாயில் கப்பல் வேலைக்குக் கண் டெஸ்ட் வைத்தார்கள். புள்ளி புள்ளியாகப் படம் போட்ட புத்தகத்தைக் காட்டி உள்ளே என்ன எண் என்றார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சிவப்பும் பச்சையும் உனக்குப் பிறவியிலேயே தெரியாது, கப்பல் விளக்கை எப்படிப் பார்ப்பாய் என்று அனுப்பிவிட்டார்கள். ஆகவே காலர் விஷயத்தில் நான் பொய் சொல்லவில்லை, ஸ்டுடியோவுக்குப் போய்ப் பார்த்துத்தான் எழுதினேன். மற்ற எல்லாம் பொய். அது ஒன்று உண்மை. பச்சை என்று நீ எழுதிய பிறகுதான் எனக்கே தெரியும். சின்ன வயசிலிருந்தே நிறத்தில் எனக்குத் தடுமாற்றம் உண்டு. வெளியே தெரியக் கூடாது என்றுதான் துணிக்கடைக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போவேன். இராயபுரம் பார்த்த என் ஸ்டைல் அவ்வளவும் உன் கண்.

மார்ச் மாதமே மெட்ராஸ் திரும்பிவிட்டேன். சென்ட்ரலில் இறங்கியவன் வீட்டுக்கு வரப் பார்த்தேன். மாலை போட்டு வழியனுப்பிய தெரு. இரண்டு மாதத்தில் பெட்டியோடு திரும்பி வந்தால் என்ன சொல்வார்கள்? பஸ் ஏறி எண்ணூர் வந்துவிட்டேன். இங்கே என்னைத் தெரிந்தவர் இல்லை. கரிக் கூடை சுமக்கிறேன். கடிதத்தை எழுதி ரகுபதிக்கு அனுப்புவேன், அவன் அங்கே தபாலில் போடுவான். மணியார்டரும் அப்படித்தான். கொஞ்ச நாளில் நல்ல வேலை கிடைத்ததும் கௌரவமாக வரலாம் என்று நினைத்தேன். நாள் போகப் போக வாய் திறக்க முடியாமல் போய்விட்டது.

மன்னித்துவிடு. நீ என்ன சொன்னாலும் கேட்கிறேன்.

செல்வநாதன்


இராயபுரம்,
27-12-1969

சேசு மரி சூசை

எல்சி அப்பாவுக்கு,

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், நடுராத்திரிப் பூசைக்குப் போகும் முன்னால் உங்கள் கடிதம் வந்தது. கோயிலில் உட்கார்ந்து அழுதேன். பாதி சந்தோஷத்தில், பாதி ஆத்திரத்தில். ஒரு கண் டெஸ்டுக்காக ஒன்பது மாதம் என்னைத் தவிக்கவிட்டீர்களே.

வருஷக் கடைசியில் போட்டோ எடுத்துவிட்டு வந்து, அந்த வருஷம் ஒருவருக்கொருவர் மறைத்த ஒன்றைச் சொல்லிக்கொள்வோமே, அதை இந்தத் தடவை கடிதத்தில் செய்துவிட்டோம். நான் மறைத்ததையும் சொல்லிவிடுகிறேன். மெஷினை விற்பதாக எழுதியது பொய். வா என்கிறீர்களா பார்ப்போம் என்று போட்ட தூண்டில். இந்த வருஷத்தைத் திரும்பிப் பார்த்தால் நான் செய்ததெல்லாம் உங்கள் கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பிடித்துப் பார்த்ததுதான். அது எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வருஷமும் அப்படி இருக்க முடியாது.

கரி சுமப்பதில் எனக்கு வெட்கம் கிடையாது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். வருஷப் பிறப்புக் காலைப் பூசைக்கு வாருங்கள். உங்களிடம் உள்ளதைத் துவைத்துக் கட்டிக்கொண்டு வாருங்கள். லுங்கியானாலும் சரி. வந்து எல்சியிடம் நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். தெருவை நான் பார்த்துக்கொள்கிறேன். அப்படி வந்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம், பழைய பேச்சு எதையும் எடுக்க மாட்டேன்.

உங்கள் பிரியம்


இராயபுரம்,
4-1-1970

செல்வநாதன் அவர்களுக்கு,

வந்தீர்கள். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தீர்கள்.

ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் உங்களைப் பார்த்ததும் முதலில் எனக்குப் புரியவில்லை. ஸ்டுடியோக்காரரிடம் இரவல் கேட்டிருப்பீர்கள். பூசை முடிகிற வரைக்கும் பாட்டுப் புத்தகத்தை இடது தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டே நின்றீர்கள். பச்சை தெரியும் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தது. இருந்தாலும் போட்டுக்கொண்டு வந்தீர்கள். வெளியே எல்லாரும் சூழ்ந்துகொண்டபோது, நேற்று ஏடனிலிருந்து வந்ததாகவும் மத்தியானம் மறுபடி கப்பல் ஏறுவதாகவும் சொன்னீர்கள். எல்சி உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூட்டிவந்து காட்டினாள். நீங்களும் சிரித்துக்கொண்டே நின்றீர்கள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அப்புறம் ரிக்‌ஷா ஏறிப் போய்விட்டீர்கள்.

உங்கள் புத்தகம் மறைத்தது கொஞ்சம்தான். "இன்னாடி இது, பாரின் கோட்டுல பச்சை நூலு ஓட்டிக்கீது" என்று சிலுவையம்மாள் அக்கா கேட்டாள். நான்தான் ஓட்டினேன் என்று சொல்லிவிட்டேன். மீதியையும் சொல்லிவிட்டேன்.

வேறொருத்தி இருந்திருந்தால் முடியைப் பிடித்துச் சண்டை போட்டிருப்பேன். அது எனக்குத் தெரியும். உங்கள் மீது எனக்கு ஆசை இல்லாமல் இல்லை, இன்னும் இருக்கிறது. ஆனால் இனி நீங்கள் மழை பெய்கிறது என்றாலும் நான் வெளியே கையை நீட்டிப் பார்ப்பேன். அப்படி ஒரு குடித்தனம் என்னால் முடியாது. இந்த வருஷத்திலிருந்து மணியார்டர் வேண்டாம், கடிதமும் எனக்கு வேண்டாம்.

எல்சிக்கு அன்று சாயங்காலமே சொன்னேன். அப்பா கப்பலில் இல்லை, எண்ணூரில் கரி சுமக்கிறார் என்றேன். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. எண்ணூர் எங்கே இருக்கிறது என்றாள். இங்கிருந்து ஒரே பஸ், ஒரு மணி நேரம்கூட ஆகாது என்றேன். அப்புறம் கேட்டாள்:

"அப்ப அப்பா தெனமும் வூட்டுக்கு வந்துட்டுப் போற தூரத்துலதான் இருந்தாரா?"

இதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் அவள் பெயருக்கு எழுதுங்கள். இப்போது அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள்.

தேவப்பிரியம்