ராகியின் முகம் மட்டும்

14 மார்ச் 2025, வெள்ளி

ஆஞ்சலா இன்றும் ராகியின் படம் அனுப்பியிருக்கிறாள். முகம் மட்டும். நேற்றும் முகம். திங்கள்கிழமையும் முகம். முன்பெல்லாம் ஜன்னலில் படுத்திருப்பது, வாளிக்குள் உட்கார்ந்திருப்பது என்று தலையிலிருந்து வால் வரைக்கும் அனுப்புவாள். இப்போது என்ன, என் பூனைக்குப் பாஸ்போர்ட் எடுக்கிறாளா?

வீடியோ கால் போட்டேன். எடுக்கவில்லை. "சார்ஜ் இல்லடி" என்று செய்தி வந்தது. சார்ஜ் இல்லாத போனிலிருந்து செய்தி மட்டும் எப்படி வரும்?

இன்னொன்றும் இருக்கிறது. ஆஞ்சலாவுக்குக் கரு வைத்தது பிப்ரவரி இருபது. பதினாலாம் நாள் பீட்டா டெஸ்ட், அதாவது மார்ச் ஆறு. போய் எட்டு நாள் ஆகிறது. கேட்டால் "டெஸ்ட தள்ளி போட்டுக்கீறாங்க" என்கிறாள். யாரிடம் சொல்கிறாள்? நான் ரத்தம் எடுக்கும் சென்டரில் பில் போடுகிறவள். பிள்ளை தங்கியதா இல்லையா என்று பார்க்கும் அந்த டெஸ்ட்டை எந்த டாக்டரும் தள்ளிப் போட்டு நான் பார்த்ததில்லை.

16 மார்ச், ஞாயிறு

முகம்தான்.

17 மார்ச், திங்கள்

மனசு ஆறவில்லை, எழுதிப் பார்க்கிறேன்.

ஆஞ்சலாவை எனக்கு மூன்று வருடமாகத் தெரியும். கருத்தரிப்பு கிளினிக்கில் ஊசி வரிசையில் எனக்கு முன்னால் நின்றாள். கேஜிஎஃப் தங்கவயல்காரி, இங்கே அடுகோடியில் குடியிருக்கிறாள். புருஷன் கிறிஸ்டோபர் அண்ணன் லேத் பட்டறையில் வேலை. அன்று நர்ஸ் அவள் பெயரைக் கூப்பிட்டபோது திரும்பி, "நீ போ முன்னாடி, எனக்கு பயமா கீது" என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் தனித்தனியாக ஊசி போட்டுக்கொண்டதே இல்லை.

என் நாத்தனாருக்கு வளைகாப்பு நடந்தபோது என்னைச் சமையல்கட்டில் மோர் ஊற்ற வைத்தார்கள். வளையல் போடக் கூப்பிடவில்லை. என் கண் பட்டுவிடுமாம். இதை ஆஞ்சலாவிடம் சொன்னேன். அவளுக்கும் ஞானஸ்நான வீட்டில் இப்படித்தான் நடந்ததாம். "நம்ம ரெண்டு பேரு கண்ணயும் சேத்தா நாலு கண்ணு, ஊரே எரிஞ்சிடும்டி" என்று சொல்லிச் சிரித்தாள். நான் அழ இருந்தவள், சிரித்துவிட்டேன்.

ராகியை ஜனவரி கடைசியில் அவளிடம் கொடுத்தேன். டாக்டர், பூனை வீட்டில் இருக்கலாம், அது கழிக்கும் மணல் தட்டை மட்டும் தொடாதீர்கள், கருவுக்கு ஆகாது என்றுதான் சொன்னார். என் மாமியார் முத்தம்மா கேட்கவில்லை. "பூன முடி வயித்துல போனா கரு தங்காது" என்று ஒரே பிடி. அதற்கு மேல் டாக்டர் ஏது? ஆஞ்சலா வந்து கூடையில் எடுத்துக்கொண்டு போனாள். அவளும் சிகிச்சையில் இருப்பவள்தான். ஆனால் மணல் தட்டு கிறிஸ்டோபர் அண்ணன் பொறுப்பு, அந்த வீட்டில் மாமியாரும் இல்லை.

இப்போது எனக்குத் தோன்றுவது இதுதான். அவளுக்குத் தங்கிவிட்டது. மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லக்கூடாது என்று மறைக்கிறாள். பயத்தில் ராகியையும் எங்கேயோ விட்டுவிட்டாள். போனில் இருக்கும் பழைய படங்களை வெட்டி வெட்டி அனுப்புகிறாள்.

யாருடைய கண்ணுக்குப் பயந்து மறைக்கிறாள்? என் கண்ணுக்கா?

21 மார்ச், வெள்ளி

என் வீட்டுக்காரர் இன்று அடுகோடிப் பக்கம் வேலையாகப் போனவர், பட்டறையில் கிறிஸ்டோபர் அண்ணனைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நுழைந்திருக்கிறார். அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தாராம். "ஸ்கேன்ல மூணு தெரியுதாம். மூணும் நல்லா துடிக்குதாம். ஆஞ்சலாதான் ரொம்ப பயந்துகினு கீறா." இவரைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டு, டீ சொல்லவா என்று கேட்டாராம்.

சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொல்கிறார் இந்த மனுஷன். "மூணா? யாருக்கு?" என்று கேட்டேன். "எனக்கு என்னா தெரியும், வண்டி ஸ்கேனா இருக்கும்" என்கிறார். வண்டியில் எது துடிக்கும்?

22 மார்ச், சனி

மூன்று.

இரண்டு கரு வைத்தால் ஒன்று பிரிந்து மூன்றாவது உண்டாம். போனில் தேடிப் பார்த்துவிட்டேன்.

எனக்கு ஒன்று கிடைத்தாலே போதும். அவளுக்கு மூன்று. வயிறு எரிகிறதா என்று என்னையே கேட்டேன். எரியத்தான் எரியுது. ஆனா அதுக்காக எரியல. எங்கிட்ட சொல்லாம இருக்காளே, அதுக்குத்தான் எரியுது.

24 மார்ச், திங்கள்

இன்று எனக்குக் கரு வைத்தார்கள். பத்து நிமிட வேலை. திரையில் ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டி, "நோடு ம்மா, அல்லிதே" என்று கன்னடத்தில் சொன்னாள் நர்ஸ். பாரம்மா, அங்கே இருக்கிறதாம். பார்த்தேன். புள்ளிதான். அதைப் பார்த்து அழுதேன்.

ஆஞ்சலா வருவேன் என்று சொல்லியிருந்தாள், வந்தாள். தொளதொளவென்று சுடிதார். வாசலில் இருந்த சானிடைசரை இரண்டு தரம் தேய்த்துக்கொண்டாள். நான் கட்டிப்பிடிக்கப் போனால் பின்னால் நகர்ந்தாள். "வேணாம்டி, என் மேல பூன முடி கீது" என்றாள். பெஞ்சின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்தாள்.

இவர் எல்லோருக்கும் காபி வாங்கி வந்தார். ஆஞ்சலா வேண்டாம் என்றுவிட்டாள். ஒரு நாளைக்கு ஐந்து காபி குடிக்கிறவள்! வயிற்றில் பிள்ளை இருக்கிறவர்களுக்குத்தான் காபி கூடாது என்பார்கள்.

"ராகி எப்படி இருக்கு?" என்று அவள் கண்ணைப் பார்த்துக் கேட்டேன். "நல்லா கீது, நல்லா துன்னுது" என்று என் செருப்பைப் பார்த்துச் சொன்னாள். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்.

27 மார்ச், வியாழன்

மூன்று நாள் லீவு முடிந்து வேலைக்குப் போனேன். படுத்தே கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

எங்கள் கிளினிக்கின் ரத்தமெல்லாம் எங்கள் லேபுக்குத்தான் வருகிறது. என் கம்ப்யூட்டரில் ஆஞ்சலாவின் போன் நம்பரைப் போட்டால் போதும். வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், பிறர் ரிப்போர்ட்டைப் பார்க்க மாட்டேன் என்று.

நம்பரைப் போட்டேன். பத்து இலக்கமும். பிறகு அழித்துவிட்டேன். ரத்தம் எடுக்கும் சேஷகிரி எட்டிப் பார்த்து, "ஏன் மேடம் வேர்க்குது?" என்றார். ஃபேன் சரியில்லை என்றேன்.

30 மார்ச், ஞாயிறு

உகாதி. மேல் வீட்டிலிருந்து ஒப்பட்டு, அதான் போளி, வந்தது. முத்தம்மா எனக்கு மூன்று வைத்தாள். மூன்றைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டேன். பாவம், அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆஞ்சலாவிடமிருந்து நேற்றும் இன்றும் முகம்கூட வரவில்லை.

31 மார்ச், திங்கள்

ரம்ஜான். சென்டரில் கூட்டமில்லை. சேஷகிரி பிரியாணிக்குப் போயிருந்தார்.

பார்த்துவிட்டேன்.

மார்ச் 6. பீட்டா: 1.2. அதற்கு அர்த்தம் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஐந்துக்குக் கீழே இருந்தால் இல்லை.

இல்லை. அவளுக்கு இல்லை. இருபத்தைந்து நாளாக இல்லை.

1 ஏப்ரல், செவ்வாய்

தூக்கமில்லை. நெகட்டிவ் ஆனவள் ஏன் மறைக்க வேண்டும்? இத்தனை வருடத்தில் மூன்று தரம் நெகட்டிவ் வந்து, மூன்று தரமும் அல்சூர் ஏரிக்கரையில் உட்கார்ந்து சேர்ந்துதானே அழுதோம்?

அப்படியானால் அந்த மூன்று யாருடையது? துடிக்குதுன்னு சொன்னாரே. கிறிஸ்டோபர் அண்ணனுக்கு வேறு எங்கேயாவது— சீ. புத்தி எங்கெல்லாம் போகிறது. அந்த மனுஷன் ஆஞ்சலாவின் ஊசிக்காக ஐஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவர்.

சந்தேகம் கரையான் மாதிரி. ஒரு இடத்தில் தட்டிவிட்டால் இன்னொரு இடத்தில் வருகிறது.

3 ஏப்ரல், வியாழன்

போய்விட்டேன். சொல்லாமல். ஆட்டோக்காரரிடம் ஆபரேஷன் ஆன உடம்பு, மெல்லப் போங்கள் என்றேன்.

கதவைப் பாதி திறந்தாள் ஆஞ்சலா. நைட்டி. முகம் ஒட்டிப்போய், கண்ணுக்குக் கீழே கறுப்பு. என்னைப் பார்த்ததும் பயந்தாள்.

"இன்னாடி இது, ரெஸ்ட்ல இருக்கவேண்டியவ! எதுக்கு வந்த?"

"ராகிய பாக்கணும்."

"தூங்குது. நீ போ. நாளைக்கி போட்டோ அனுப்பறேன்."

"முகத்த மட்டுமா?"

அவள் பதில் சொல்வதற்குள் உள்ளே கீச் என்று ஒரு சத்தம். எலிக் குஞ்சு மாதிரி. அவளைத் தள்ளிக்கொண்டு போனேன்.

தையல் மெஷினுக்குக் கீழே ஒரு அட்டைப் பெட்டி. பழைய துண்டு விரித்து, அதில் ராகி. என் ராகி. என்னைப் பார்த்து ஒரு தரம் கத்தினாள், எழுந்திருக்கவில்லை. அவள் வயிற்றோரம் இரண்டு குட்டிகள். மூன்றாவது, மெஷின் மேலே ஒரு கிண்ணத்தில், பஞ்சுக்கு நடுவில். பக்கத்தில் பால் பவுடர், சொட்டு மருந்துக் குழாய்.

"சனிக்கிழம போட்டுச்சி" என்றாள் ஆஞ்சலா. "ரெண்டு ஒட்டிக்கிச்சி. இது மட்டும் ஒட்டல. ரெண்டு மணிக்கு ஒரு தபா குழாய்ல குடுக்கறேன்."

ஒட்டல. கிளினிக்கில் எங்களுக்குச் சொல்லும் அதே வார்த்தை. சொன்ன பிறகுதான் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். இரண்டு பேரும் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

ராகிக்குக் கருத்தடை ஆபரேஷன் பண்ணிவிடுங்கள் என்று போன வருடமே மிருக டாக்டர் சொன்னார். இரண்டு தரம் நாள் குறித்து, இரண்டு தரமும் நான்தான் போகவில்லை. கர்ப்பப்பையை எடுப்பார்கள் என்றதும் கூடையைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டேன். அந்தப் பூனை கேட்டதா? எனக்காகத்தான் அதன் வயிற்றைக் காப்பாற்றி வைத்தேன்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"எப்படி சொல்றது? நீ ஊசி போட்டுகினு, மாத்திர போட்டுகினு, தெனம் நாளு எண்ணிகினு கீற. உன் பூனைக்கி ஆயிடுச்சின்னு நான் போன்ல சொல்லணுமா? வயிறு தெரியக்கூடாதுன்னுதான் முகத்த மட்டும் புடிச்சி அனுப்பினேன்."

"காப்பி ஏன் வேணாம்ன?"

"தவக்காலம்டி. ஈஸ்டர் வரைக்கும் காப்பி விட்டுக்கீறேன். வருசா வருசம் விடறேனே, மறந்துட்டியா?"

மறந்துதான் போனேன். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். இந்த வாய் நிற்குமா?

"உனக்கு நெகட்டிவ் ஆன துக்கத்துலயும் எனக்காக இவ்ளோ பண்ணியேடி" என்றேன்.

கையை எடுத்துக்கொண்டாள். "யார் சொன்னா?"

நான் கிண்ணத்துப் பஞ்சைச் சரிசெய்யக் கை நீட்டினேன்.

"உன் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல பாத்தியா?"

தலையை ஆட்டினேன். பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. குழாயில் பாலை எடுத்துக்கொண்டே பேசினாள். "அன்னிக்கி நான் கிறிஸ்டோபர்கிட்டயே ரெண்டு நாளு சொல்லல. எங்க அம்மாவுக்கு இன்னும் தெரியாது. உனக்கு எப்படி சொல்றதுன்னு தெனம் நெனச்சிகினே கெடந்தேன். உன்னுது ஆவட்டும், அப்புறம் சொல்லலாம்னு வச்சிருந்தேன். அது என் வயித்து சேதி. நான்தானே சொல்லணும்?"

"நான் என்ன நெனச்சேன்னா—"

"எனக்கு ஆயிடுச்சி, உன் கண்ணுக்கு பயந்து மறைக்கறேன்னு நெனச்ச. அதானே?"

அதுதான். இத்தனை பேர் என் கண்ணைச் சந்தேகப்பட்டார்கள், நான் அவள் மனசைச் சந்தேகப்பட்டேன்.

"கெளம்பு" என்றாள். "ஆட்டோவ மெல்ல போவ சொல்லு."

4 ஏப்ரல், வெள்ளி

மன்னிப்புக் கேட்டு ஒரு பெரிய செய்தி. பிறகு ஒரு சின்னச் செய்தி. படித்துவிட்டாள். பதில் இல்லை.

6 ஏப்ரல், ஞாயிறு

இல்லை.

அந்தக் கிண்ணத்துக் குட்டி உயிரோடு இருக்கிறதா என்று கேட்டு எழுதினேன். "கீது" என்று ஒரே வார்த்தை வந்தது. அதைப் பத்துத் தரம் படித்தேன்.

7 ஏப்ரல், திங்கள்

சேஷகிரிதான் ரத்தம் எடுத்தார். மதியம் ரிப்போர்ட் என் கம்ப்யூட்டருக்கே வந்தது. பார்த்தேன்.

எண்ணை இங்கே எழுத மாட்டேன். இந்த வீட்டில் எந்த நோட்டையும் யாரும் பிரிக்கலாம். நானே மற்றவள் ரிப்போர்ட்டைப் பிரித்தவள்தானே.

இவரிடமும் முத்தம்மாவிடமும் சொன்னேன். ஆஞ்சலாவுக்கு மூன்று தரம் டைப் அடித்து மூன்று தரம் அழித்தேன். எப்படிச் சொல்வது? எந்த வார்த்தையை முதலில் வைப்பது? இருபத்தெட்டு நாள் அவள் இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

9 ஏப்ரல், புதன்

இன்னொரு தரம் ரத்தம் எடுத்தார்கள்.

இன்றும் அவளிடம் சொல்லவில்லை.

13 ஏப்ரல், ஞாயிறு

காலை பதினோரு மணிக்கு ஆஞ்சலா கூப்பிட்டாள். அவள் பெயரைத் திரையில் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு எடுத்தேன்.

குருத்தோலைப் பூசை முடிந்து வந்தாளாம். மூன்று குட்டியும் கண் திறந்துவிட்டதாம். கிண்ணத்துக் குட்டியும் இப்போது ராகியிடமே குடிக்கிறதாம். மற்ற இரண்டையும் மிதித்துக்கொண்டு ஏறுகிறதாம். எல்லாவற்றையும் செய்தி வாசிப்பவள் போலச் சொன்னாள். நானும் ம், ம் என்று கேட்டுக்கொண்டேன்.

பிறகு அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"உன் டெஸ்ட்டு ஏழாந்தேதின்னு எனக்குத் தெரியும்" என்றாள். "நான் அத கேக்க மாட்டேன். ஒண்ணு மட்டும் சொல்லு. ராகிய எப்ப வந்து எடுத்துகினு போற?"

வயிறு காலியாக இருந்தால் இன்றே கூடையோடு போகலாம். அது அவளுக்கும் தெரியும்.

"கிறிஸ்மஸ் கழிச்சு" என்றேன்.

அந்தப் பக்கம் குட்டிகள் கத்துவது மட்டும் கேட்டது. அழுகிறாளோ, வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாளோ, போனைக் கீழே வைத்துவிட்டாளோ என்று இந்தப் பாழாய்ப்போன மனசு அதற்குள் பத்துக் கணக்குப் போட்டது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகப் பேசும்வரை காதை எடுக்காமல் நின்றேன்.

"செரி" என்றாள் கடைசியில். "இங்க வரும்போது மணல் தட்டு பக்கம் மட்டும் போவாத."