நிழலுக்கு எடுத்த நிறம்

படம் கீறும் தொடுதிரை ரப்பின் பைக்குள் அடியில் உன் சொக்ஸ் கிடந்தது. பள்ளிக்கூடக் காலத்து வெள்ளைச் சொக்ஸ். கை வியர்வை திரையில் படாமலிருக்க அதை வெட்டித் தைத்து, சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் மட்டும் மாட்டிக்கொண்டுதான் படம் கீறுவாய். இதற்கென்றே கையுறை விற்கிறார்கள் என்று நான் சொன்னபோது, "காலுக்குப் போட்டதைக் கைக்குப் போட்டால் கை கோவிக்குமோ?" என்று கேட்டாய். இன்றைக்கு எடுத்து மோந்து பார்த்தேன். தைலமும் ஆஸ்பத்திரியும்தான் மணந்தன. உன் மணம் எங்கே போனதென்று தெரியவில்லை.

நேற்று உன் ஆண்டுத் திருப்பலி முடிந்தது. அதில் நான் செய்த வேலையைப் பற்றி உனக்குச் சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

குருநகர்க் கடற்கரைக்குக் கிட்ட, திருநெல்வேலியில் ஒரே அறையில் இருந்தபோது நீ கோடு, நான் நிறம் என்று பிரித்துக்கொண்டோம். உன் மங்காக் கதையில், அந்த யப்பானியப் பாணிச் சித்திரக்கதையில், குருநகர்ப் பெண்ணொருத்தி பெரிய கண்களை உருட்டிக்கொண்டு தகப்பனின் படகில் கடலுக்குப் போவாள். நீ கறுப்புக் கோட்டில் கீறித் தருவாய். நான் ரப்பில் முதலில் அடிநிறத்தை நிரப்பி, அதன்மேல் இன்னொரு லேயரில் நிழலைப் போடுவேன். முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன். வலையில் துள்ளும் விளைமீனுக்கு நான் போட்ட நிறத்தைப் பார்த்துவிட்டுக் கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தாய்.

"எடி சைவக்காரி, இது செத்த மீனடி! சந்தையிலை கிடந்ததைப் பாத்துப் போட்டிருக்கிறாய். துள்ளேக்கை அதுக்கு வேறை நிறம்."

புத்தூரில் வெங்காயத் தோட்டத் தறைக்குள் வளர்ந்தவளுக்கு மீன் துள்ளுவது எப்படித் தெரியும்? அடுத்த சனிக்கிழமை விடியவே என்னைக் கரைக்கு இழுத்துக்கொண்டு போனாய். உன் அப்பா கூடைக்குள் போட்ட மீனில் ரோசாவும் நீலமும் மினுங்கின. நான் போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்குவதற்குள் அது மங்கிவிட்டது. "பாத்தியோ, அவ்வளவுதான்" என்றாய். எனக்கு ஏனோ அழுகை வந்தது. அதற்கும் சிரித்தாய்.

நான் நிழலுக்குக் கறுப்பை எடுத்தால் உனக்குப் பொறுக்காது. பேனாவைப் பறித்துவிடுவாய். "நிழலை அடிநிறத்திலை இருந்துதான் எடுக்கவேணும். வெளிச்சம் குறைஞ்சாலும் ஆள் அதே ஆள்தானே?" என்பாய்.

பிறகு உன் சிறுநீரகங்கள் பழுதாகின. இரத்தம் சுத்திகரிக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் நிறம் போட, நீ ஒரு கையில் குழாய்களோடு கிடந்தபடி பிழை பிடிப்பாய். உன் தோல் கறுத்துக்கொண்டே வந்தது. தினமும் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அது படிப்படியாகத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் நான் என்ன செய்திருப்பேன்? நிறம் போடுவதைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும்?

அந்தக் கட்டிலில் கிடந்துதான் நீ உன்னைக் கீறினாய். படகின் விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு, தலைமயிர் காற்றில் பறக்க, கண்கள் முகத்தில் பாதிக்கு. கீறி முடித்ததும் கையை யன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் படம் பிடித்து, அதிலிருந்து ஒரு நிறத்தை எடுத்து என் நிறப்பட்டியின் முதல் கட்டத்தில் வைத்தாய்.

"இதுதான் அடிநிறம். இப்ப இருக்கிற மாதிரியே போடு. செத்தால் பதாகையிலை எல்லாருக்கும் வெள்ளையடிச்சு விடுவினம். எனக்கு அப்பிடிச் செய்ய விடாதை."

"வாயைக் கழுவடி" என்றேன். நீ விடவில்லை. ஓம் என்று சொல்ல வைத்தபிறகுதான் கையை மடக்கினாய்.

உன் அம்மா போன கிழமை என் அறைக்கு வந்தா. "பிள்ளை, அவள் கீறின படத்தைத்தான் ஆண்டுப் பதாகையிலை போடவேணும். போட்டோ வேண்டாம்" என்றா. நான் நீ தந்த நிறத்தை நிரப்பிக் காட்டினேன். ரப்பைக் கையில் வாங்கிக் கிட்டப் பிடித்தா.

"இது ஆர்?"

"என்ன அன்ரி, அவள்தான்."

"இது கட்டிலிலை கிடந்த பிள்ளை. எனக்கு அதுக்கு முதல் இருந்தவளைத் தா."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நீ சொன்ன வெள்ளையடிப்பு இதுதான் என்று நினைத்தேன். "அவளே எடுத்துத் தந்த நிறம், அன்ரி. மாத்தமாட்டன் எண்டு சொன்னனான்" என்றேன்.

"அவள் தருவாள். அவள் கண்ணாடியிலை தன்னைப் பாத்தவள். நான் அவளைப் பெத்தனான்."

சரி, முன்பிருந்த உன்னைத் தேடுவோம் என்று இரண்டு பேரின் போன்களையும் கிளறினோம். கோதாரி பிடித்த அழகூட்டும் பில்ரர்! ஒரு படத்தில்கூட உன் சொந்த நிறம் இல்லை. எல்லாவற்றிலும் பவுடர் அப்பிய பொம்மைபோல் நிற்கிறாய். கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். உன் சிரிப்பு வந்தது, உன் நக்கல் வந்தது, நிறம் வரவில்லை. ஒரே அறைக்குள் உன்னோடு இருந்தவளுக்கு உன் நிறம் நினைவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

அப்போதுதான் அன்ரி சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினா. வெயில் படாத இடத்தை யன்னல் பக்கம் திருப்பிக் காட்டினா.

"இந்தா, இதிலை எடு. அவள் என்னை மாதிரித்தான் இருந்தவள். கிட்னிதான் பொருந்தேல்லை. நிறமாவது பொருந்தட்டும்."

எடுத்தேன். நீ திட்டினால் திட்டு. அந்தக் கையை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த நிறத்தை நிரப்பியதும் அன்ரி ஐயோ என்றா, மாதாவே என்றா, திரையில் உன் கன்னத்தைத் தடவினா. அவவின் விரலின் ஈரம் உன் முகம் முழுக்கப் படிந்தது. நான் துடைக்கவில்லை.

அவ போனபிறகு நிழல் போட உட்கார்ந்தேன். உனக்குத் தந்த வாக்கும் அன்ரியின் அழுகையும் நெஞ்சுக்குள் கிடந்து மாறி மாறி இடித்தன. கடைசியில், அன்ரியின் நிறத்தை அடியில் விட்டுவிட்டு, வெளிச்சம் விழாத இடங்களுக்கு உன் முதல் கட்டத்து நிறத்தை எடுத்தேன். நாடிக்குக் கீழே, கழுத்தின் ஒரு பக்கம், உள்ளங்கை, தொங்கும் கால்களின் பின்புறம். அவ்வளவு இடம்தான் உனக்குத் தர முடிந்தது. இது சமாளிப்பு என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரிந்திருக்கும்.

நேற்றுக் கோயில் வாசலில் பதாகையைக் கட்டினார்கள். வந்தவர்கள் எல்லாரும் "அச்சொட்டு அவள்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இவ்வளவு பெரிய கண் எந்த மனிசருக்கு இருக்கிறதென்று ஒருவரும் கேட்கவில்லை. பூசைக்கு மணி அடித்த பிறகும் அன்ரி உள்ளே போகவில்லை. கிட்ட வந்து, உன் நாடிக்குக் கீழே விரலை வைத்தா.

"அது நிழல், அன்ரி" என்றேன்.

"தெரியும் பிள்ளை. கடைசியா உடம்பு துடைச்சது நான்தானே."

பதாகையின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனா. நான் வாசலிலேயே நின்றேன்.

இன்றைக்கு உன் கதையின் மிச்சப் பக்கங்களைத் திறந்தேன். எல்லாம் வெறும் கோடு. நிறப்பட்டியின் முதல் கட்டத்தில் உன் கை இருக்கிறது. அதை அழிக்கவும் மனம் வரவில்லை, வேறு எதற்கும் பூசவும் முடியவில்லை. அடுத்த பக்கத்தில் அந்தப் பெண் வலையை இழுக்கிறாள். வலைக்குள் விளைமீன் துள்ளுகிறது. சொக்ஸை இரண்டு விரல்களிலும் மாட்டிக்கொண்டு அந்த மீனைப் பார்த்தபடி இருக்கிறேன், எடி. அதற்கு எந்த நிறம் போட?