வெள்ளாங்குளத்துச் சேமக்காலைக்கு ஒரு தகரக் கூடு

‘இஞ்சாருங்கோ’ என்று மட்டுமே நான் வாழ்நாள் முழுதும் கூப்பிட்ட என் அன்பானவருக்கு,

முதலில் ஒன்றைத் திருத்த வேண்டும். நான் உங்கள் கல்லறைக்குத் தகரக் கூரை போடவில்லை. சீமெந்து வாங்க மனமில்லாமல் தகரத்தால் மூடிவிட்டேன் என்று பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்பவர்கள் கதைக்கிறார்கள். நான் செய்தது ஒரு மெழுகுதிரிக் கூடு. ஒரு முழ உயரம்கூட வராது. பார்க்காததை எழுதிய பிள்ளைகளுக்கு நான் படிப்பித்த காலத்திலும் புள்ளி போட்டதில்லை.

அதை ஏன் செய்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். இந்தச் சஞ்சிகையில் இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சண்டைக்காலத்தில் தம்பியைப் பார்க்க வெள்ளாங்குளம் போனீர்கள். அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். பாதை மூடியிருந்தது. செய்தி மன்னாருக்கு, என்னிடம், வந்து சேர்ந்தபோது உங்கள் தம்பி சவரி உங்களை அந்த ஊர்ச் சேமக்காலையில் அடக்கம் செய்து முடித்திருந்தார். உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. எனக்காகக் காத்திருக்காத அந்த மனிதரோடு அதன்பின் நான் பேசவும் இல்லை.

பாதை திறந்தபின், இறந்தவர்களை நினைக்கும் ஒவ்வொரு ஆத்துமாக்கள் திருநாளுக்கும் பஸ்ஸில் வந்து உங்கள் தலைமாட்டில் மெழுகுதிரி ஏற்றினேன். வாடைக்காற்றில் அது எவ்வளவு நேரம் நிற்கும்? நான் சேமக்காலை வாசல் படலையைத் தாண்டுமுன்னே அணைந்துவிடும். திரும்பி நடந்தால் கடைசி பஸ் போய்விடும். எதிரே சவரியின் வீடு இருந்தும் அங்கே தங்க எனக்கு மனம் வரவில்லை. இருட்டில் உங்களை விட்டுவிட்டு வருவேன். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று அணைய அணைய ஏற்றுகிற எல்லாக் கல்லறைகளிலும் வெளிச்சம் நிற்க உங்களுடையது மட்டும் அணைந்து கிடப்பதை பஸ் யன்னலால் பார்த்துக்கொண்டு வருவேன்.

அதனால்தான் இந்த வருடம் எங்கள் கோயில் மண்டபத்தில் பெண்களுக்குத் தகரவேலை ஆரம்பப் பாடம் தொடங்கியபோது பெயர் கொடுத்தேன். படிப்பிப்பவள் ரெஜினா, தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவள், வாய்க்காரி. நான் முதலில் கடதாசியில் மாதிரி வெட்டி, அதைத் தகரத்தில் வைத்து, கூரான ஆணியால் சுற்றிக் கீறினேன்.

“ரீச்சர், தகரத்துக்குச் சட்டை தைக்கிறியளோ?”

“அளந்து வெட்டினால் எதுவும் பொருந்தும்” என்றேன்.

“அளவு சரி. கத்தரியைத்தான் முழுக்க மூடுறியள். நுனி வரைக்கும் மூடாதேங்கோ. முக்கால்வாசி வெட்டி, திறந்து, முன்னுக்குத் தள்ளுங்கோ. இல்லாட்டி விளிம்பு பல்லுப் பல்லா நிக்கும், கையைக் கிழிக்கும்.”

அவள் சொன்னது சரி. மடிப்பதிலும் அப்படித்தான். மரச்சுத்தியலால் ஒரே இடத்தில் ஓங்கி அடித்தால் தகரம் நெளியும். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டு போக வேண்டும். பிழையாக மடித்ததை நிமிர்த்தலாம், ஆனால் அந்தக் கோட்டில் அது பிறகு பலமாக இருக்காது. இவையெல்லாம் எனக்குப் பிடித்திருந்தன. நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்களா, அல்லது தகரத்தைப் பிடித்துத் தந்திருப்பீர்களா?

பொருத்துகளை எல்லாம் ஈயம் வைத்து அடைத்தேன். முன்பக்கம் ஒரு கண்ணாடிக் கதவு. அதன் விளிம்பிலும், வாடைக்கு நம் வீட்டு யன்னல் இடுக்குகளில் அடைப்பது போல, சீலைத்துண்டு ஒட்டினேன்.

ரெஜினா கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஓட்டை எங்க, ரீச்சர்?”

“ஓட்டை இல்லாமல் இருக்கத்தானே இவ்வளவு பாடுபட்டேன்!”

கதவைத் திறந்து வைத்து மெழுகுதிரி ஏற்றிக் காட்டினேன். நன்றாக எரிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அவள் தட்டவில்லை.

ஆத்துமாக்கள் திருநாளன்று பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். “அம்மா, கோழிக்கூடோ? கோழிக்கும் ரிக்கற் எடுக்க வேணும்” என்றான் நடத்துநர்.

அன்று மாலை காற்றே இல்லை, உங்களுக்குத் தெரியும். கூட்டை வைத்தேன், ஏற்றினேன், கதவை மூடினேன். சுடர் சிறுத்து, நீலமாகி, அணைந்தது. மறுபடி ஏற்றினேன். மறுபடியும் அணைந்தது. ஈரத் திரி என்று வேறு மெழுகுதிரி எடுத்தேன். அதுவும் அப்படியே.

“மச்சாள், காத்தில்லாமச் சாகுது.”

பின்னால் சவரி நின்றார். தலை முழுக்க நரைத்துவிட்டது. அவர் வேலிக்கட்டையிலிருந்து ஓர் ஆணியைப் பிடுங்கி, ஒரு கல்லும் எடுத்துக்கொண்டு குந்தினார். கூரையில் ஆணியை வைத்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை.

“மேலே அடியாதையும், மழை இறங்கும்! கூரைக்குக் கீழே, பக்கத்தில் அடியும். அடியிலும் ரெண்டு.”

“நீங்கள் சொல்லுற இடத்திலேயே அடிக்கிறன். அண்ணனை அடக்கின அண்டைக்கும் நீங்கள் பக்கத்தில நிண்டு சொல்லியிருந்தா...”

“பாதை மூடியிருந்தது.”

“எனக்கும் மூடித்தான் இருந்தது, மச்சாள்.” ஆணியை வேறு இடத்தில் வைத்தார். “வெயில் காலம். நீங்கள் வருவியள் எண்டு படலையில ஆள் வைச்சுப் பாத்துக்கொண்டு இருந்தனான். அதுக்கு மேல அண்ணனை வைச்சிருக்க ஏலாமப் போச்சு.”

ஓட்டைகள் கோணலும் மாணலுமாக வந்தன. சுடர் நின்றது.

கேட்காமல் இருக்க முடியவில்லை. “ஒவ்வொரு வருஷமும் நான் போனபிறகு என் மெழுகுதிரி அணைந்து கிடந்ததைக் கண்டீரா?”

“ஓம். வாசலில நிண்டு பாத்துக்கொண்டுதான் இருப்பன். நெருப்புப்பெட்டியும் கையில இருக்கும். நீங்கள் கொளுத்தினது. நான் எப்பிடித் தொடுறது?”

பஸ் சத்தம் கேட்டது. கடைக்காரருக்குச் சொல்வது போல ‘நன்றி’ என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒருவர் பாதைக்கு இந்தப்பக்கம், ஒருவர் அந்தப்பக்கம். ஒரு நெருப்புக்குச்சி செலவில் முடிந்திருக்கும். நீங்கள் இத்தனை வருடம் இருட்டில் கிடந்தீர்கள். அவர்மேல் எனக்கிருந்த கோபம் நியாயமா இல்லையா என்று இன்றும் என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. அந்த இருட்டுத்தான் மனதை அறுக்கிறது.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். பக்கத்தில் இருக்கும் உங்கள் தாய் தகப்பன் கல்லறைக்கும் ஒரு கூடு செய்து அனுப்புவேன். ஓட்டையைத் தகரம் தட்டையாய் இருக்கும்போதே, மடிக்கமுன் போட வேண்டும் என்று ரெஜினா சொல்லித் தந்திருக்கிறாள். அதன்படியே செய்வேன்.

சவரி, எங்கள் பங்குச் சஞ்சிகை உமது கோயிலுக்கும் வருகிறது. ஆகவே இது உமக்கு. எனது முழங்கால்கள் இனி அந்த பஸ் படியில் ஏறமாட்டா என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அன்று நேரில் கேட்க வேண்டியதை இன்று கேட்கிறேன். வருகிற ஆத்துமாக்கள் திருநாளிலும் அதற்குப் பிறகும் உமது அண்ணனின் கூட்டில் நீர் மெழுகுதிரி ஏற்றுவீரா? ஓம் என்றோ இல்லை என்றோ தயவுசெய்து எனக்கு எழுத்தில் பதில் போடும்.

உங்கள் மனைவி,
சவரிக்கு மச்சாள்.