கடைக்குப் போனவள்

சேசு மரி சூசை துணை
திண்டிவனம்
1943 அக்டோபர் 11

என் அன்பான அவர்களுக்குச் சவுரியம்மாள் வணங்கி எழுதுவது. தேவமாதா புண்ணியத்தில் நானும் நம் மேரியும் நன்றாக இருக்கிறோம். அங்கே உங்கள் உடம்பும் சாப்பாடும் எப்படி என்று இரண்டு வரி வந்தால் என் மனசு அடங்கும்.

இங்கே வாந்திபேதி வந்துவிட்டது. முதலில் ஏரிக்கரைப் பக்கம் என்றார்கள். இப்போது நம் தெருக்கோடியிலேயே இரண்டு வீடு பூட்டிக் கிடக்கிறது. சந்தையை நிறுத்திவிட்டார்கள். கோட்டக்குப்பம் பக்கமிருந்து கருவாடு கொண்டுவருகிறவர்கள் ஊருக்குள் கால் வைப்பதில்லை. சண்டையால் அரிசி ஏற்கெனவே மறந்துபோன சாமான். இப்போது கேப்பைக்கும் அடிதடி. திறந்திருப்பது கண்ணையன் மளிகை ஒன்றுதான்.

போன வாரம் உங்கள் அண்ணன் தையல் மிஷினை நிறுத்திவிட்டு எல்லோரையும் கூப்பிட்டார். "யாராச்சும் ஒருத்தர் வெளிய போனா போதும். எல்லாரும் போயி சாவ வேணாம்" என்றார். அப்புறம் அண்ணன் சம்சாரம் அக்கா என்னைப் பார்த்து, "ரயில்காரரு பொண்டாட்டி, ஒனக்கு நாலு எடம் போயி பழக்கம். நீயே வாங்கிக்கினு வந்துடு சவுரி. அவருக்கோ மார்ச்சளி. எனக்கு மூணு புள்ளைங்க" என்றாள். எனக்கு ஒன்றுதானே, அதனால் நான்.

கண்ணையன் வாசலில் மூங்கில் கட்டியிருக்கிறார். நீளமாகப் பிளந்து குடைந்த பனைமரத் துண்டைச் சாய்த்துவைத்து, உள்ளேயிருந்து அதில் தானியத்தைக் கொட்டுகிறார். "அங்கியே நில்லும்மா, கிட்ட வராத, துணிய விரிச்சிக்கினு நில்லு" என்கிறார். முன்பெல்லாம் நம் தெருக்காரர்களுக்கு மட்டும்தான் அப்படித் தள்ளி நிற்கவைத்துப் போடுவார். இப்போது தாலுகா கச்சேரி குமாஸ்தா சம்சாரமும் என் பக்கத்தில் துணியை விரித்துக்கொண்டு நிற்கிறாள். நோய் வந்து எல்லோரையும் நம் தெருக்காரர்களாக ஆக்கிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. இது அடங்கும் வரைக்கும் எங்கள் இருவரையும் விழுப்புரத்துக்கு அழைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலை போதும்.

உங்கள் பாதம் பணியும்
சவுரியம்மாள்


விழுப்புரம்
1943 அக்டோபர் 18

என் அன்புள்ள சவுரிக்கு ராயப்பன் ஆசீர்வதித்து எழுதுவது. உன் கடிதம் வந்தது. மேரியை நான் முத்தமிட்டதாகச் சொல்.

இங்கே பட்டாளத்து வண்டிகள் ராவும் பகலும் வருகின்றன. மூட்டை தூக்கி முதுகு ஒடிகிறது. லீவு என்ற பேச்சை எடுத்தாலே மேஸ்திரி முறைக்கிறார். நான் இருப்பது ஒரு அறை, அதில் என்னோடு மூன்று ஆம்பிளைகள். உன்னையும் பிள்ளையையும் எங்கே வைப்பேன், நீயே சொல். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

அண்ணன் சொல்வதைத் தட்டாதே. அப்பா செத்த பிறகு என்னை வளர்த்தவர் அவர். அவர் உடம்பு உனக்குத் தெரியும். நீ கடைக்குப் போகும்போது அவருக்குச் சுக்கும் திப்பிலியும் மறக்காமல் வாங்கு. சுருட்டு கிடைத்தால் அதுவும். வீட்டில் இத்தனை பேர் உன்னை நம்பியிருக்கிறார்கள் என்றால் அது உனக்குப் பெருமைதானே.

ஜாக்கிரதையாக இரு.

ராயப்பன்


சேசு மரி சூசை துணை
திண்டிவனம்
1943 நவம்பர் 3

அன்பான அவர்களுக்குச் சவுரியம்மாள் எழுதுவது.

சுக்கு கிடைத்தது. திப்பிலி இல்லை. சுருட்டுக்காக ரயிலடி வரை நடந்தேன். அண்ணன் வாங்கிக்கொண்டார்.

இப்போது நான் வீட்டுக்குள் போவதில்லை. கடைக்குப் போய்வருகிறவள் உள்ளே வரக் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டாள். சாமானைப் பின்கட்டு வாசலில் வைத்துவிட்டு, விறகுக் கொட்டகையில் இருக்கிறேன். படுக்கையும் அங்கேதான். அக்கா எனக்குத் தனியாகக் கொஞ்சம் கேப்பையை எறிகிறாள். கூழ் காய்ச்சி, அந்தத் தெளிந்த கஞ்சித் தண்ணீரையே குடித்துக்கொள்கிறேன். நான் வாங்கிவந்த கேப்பை மட்டும் எப்படி உள்ளே போகலாம் என்று கேட்க நினைத்தேன்.

அதையெல்லாம் பொறுப்பேன். மேரியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். "கொழந்த எங்க புள்ளைங்களோட கெடக்கட்டும், ஒங்கிட்ட வந்தா ஒட்டிக்கும்" என்கிறாள் அக்கா. பிள்ளை சன்னலில் நின்று, "அம்மா, ஏன் அங்க கீற? உள்ள வாயேன்" என்கிறது. நான் முறத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு கேப்பை புடைக்கிற மாதிரி இருக்கிறேன்.

இன்னொன்று. மழையில் நம் வீட்டுக் கிணற்றின் கைப்பிடிச் சுவர் இடிந்து, தெருச் சாக்கடை உள்ளே போகிறது. சுகாதாரத்துக்காரர் மருந்துத் தூள் எடுத்துக்கொண்டு வந்தார். உங்கள் அண்ணன் வாசலிலேயே நிறுத்திவிட்டார். "இந்தத் தண்ணியக் குடிச்சிதான் இத்தினி வருசமா உசுரோட கீறோம். மருந்தப் போட்டு நாறடிக்காத, போய்யா" என்றார். நான் கொட்டகையிலிருந்து, "போடட்டும் மாமா, இல்லாட்டி தண்ணியக் கொதிக்க வச்சாவது குடிக்கலாம்" என்றேன். "வெறகு ஒங்கப்பன் வூட்லேர்ந்து வருதா?" என்று கேட்டார்.

மேரி அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறாள். நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் அண்ணன் கேட்பார். எங்களை அழைக்காவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் எழுதுங்கள்.

சவுரியம்மாள்


விழுப்புரம்
1943 நவம்பர் 10

சவுரிக்கு ராயப்பன் எழுதுவது.

உன் கடிதம் படித்து எனக்குப் பேஜாராகிவிட்டது. பெரியவர்கள் பேச்சுக்கு நடுவில் நீ ஏன் வாயைத் திறந்தாய்? அந்தக் கிணறு எங்கள் பாட்டனார் வெட்டியது. நான் அந்தத் தண்ணீரில் வளர்ந்தவன். எனக்கு என்ன ஆயிற்று? தண்ணீரைப் பற்றி இங்கேயிருந்து நான் அண்ணனுக்கு எழுதினால், பெண்டாட்டி பேச்சைக் கேட்டு எழுதுகிறான் என்பார். அது எனக்குக் கேவலம்.

பிள்ளையை அண்ணி வைத்துக்கொள்வது உன் நன்மைக்குத்தான். ஊர் இருக்கிற நிலையில் நாலு பேர் செய்வதைத்தான் அவர்களும் செய்கிறார்கள். கிறிஸ்மஸுக்குக் கட்டாயம் வருகிறேன். மேரிக்குப் பூப்போட்ட சீட்டித் துணியில் கவுன் எடுத்து வருவேன். நீ அழாதே. அழுதுகொண்டே கடைக்குப் போனால் கடைக்காரன் எடையில் ஏமாற்றுவான்.

ராயப்பன்


திண்டிவனம்
1943 நவம்பர் 19

மேரிக்குக் காலையிலிருந்து போகிறது. வாந்தியும் இருக்கிறது. கண் உள்ளே போய்விட்டது. என்னிடம் கொடுத்துவிட்டார்கள். இப்போது கொட்டகையில் என் மடியில்தான் இருக்கிறாள். ரயிலடிக்குப் போகிறவரிடம் இந்தக் கார்டைக் கொடுக்கிறேன். ஜல்தி வாருங்கள். மேஸ்திரி காலில் விழுந்தாவது வாருங்கள்.

சவுரி


விழுப்புரம்
1943 டிசம்பர் 4

சவுரியம்மாளுக்கு ராயப்பன் எழுதுவது.

திரும்பி வந்து வேலையில் சேர்ந்துவிட்டேன். சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் கல்லறைத் தோட்டத்தில் அந்தச் சின்ன மண்மேடுதான் தெரிகிறது. முகத்தைக்கூடப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை எனக்கு.

அங்கே எல்லோர் முன்னாலும் நான் உன்னைப் பேசியது உனக்கு வருத்தமாக இருக்கும். துக்கத்தில் மனுஷன் பேசத்தான் செய்வான். ஆனால் பொய்யாக ஒன்றும் பேசிவிடவில்லை. அந்த வீட்டிலிருந்து வெளியே போய் வந்தவள் நீ ஒருத்திதான். கடையிலிருந்தும் கூட்டத்திலிருந்தும் நோயைக் கொண்டுவந்திருந்தால் அது நீயாகத்தான் இருக்க வேண்டும். வேண்டுமென்று செய்தாய் என்று யாரும் சொல்லவில்லை. அண்ணன் பெரிய மனசு பண்ணி உன்னை மன்னித்துவிட்டார். நீயும் அண்ணன் அண்ணி காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, முன்போல வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிரு.

பதில் எழுது.

ராயப்பன்


விழுப்புரம்
1944 ஜனவரி 16

என் அன்புள்ள சவுரிக்கு ராயப்பன் எழுதிக்கொள்வது.

என் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. கிறிஸ்மஸுக்கு முன்பே வீட்டைவிட்டுப் போய்விட்டாய் என்றும், கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஆஸ்பத்திரியில் இருப்பதாகக் கேள்வி என்றும் அண்ணன் எழுதியிருக்கிறார். அதனால் அந்த விலாசத்துக்கே இதை அனுப்புகிறேன்.

வீட்டு நிலைமை மோசம். நீ போன பிறகு அண்ணன் யாரையும் படி தாண்டவிடவில்லை. வெளியாள் யாரையும் உள்ளே விடவுமில்லை. நீ வாங்கிப்போட்ட கேப்பையை வைத்தே ஓட்டினார்கள். அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் பொங்கலுக்கு முன்னால் அண்ணிக்கு வந்துவிட்டது. பிழைத்துக்கொண்டாள், ஆனால் எழுந்து நிற்க முடியவில்லை. கடைசிப் பையனும் படுத்திருக்கிறான். அண்ணனுக்கோ இருமல். வீட்டில் உப்புகூட இல்லையாம். பக்கத்து வீட்டார் எட்டிப்பார்ப்பதில்லை. கண்ணையன் கடைக்குப் போய்வர ஆள் இல்லை.

கோபத்தை விட்டுவிட்டு உடனே வீட்டுக்குப் போ. நான் அன்றைக்கு அவசரப்பட்டுப் பேசிவிட்டேன் என்றே வைத்துக்கொள். அவர்கள் கொஞ்சம் தேறியதும் உன்னை இங்கேயே அழைத்துக்கொள்கிறேன். இடத்தைப் பற்றிக் கவலையில்லை. என்னோடிருந்த மூன்று பேரும் நவம்பர் முதலிலேயே திருச்சிக்கு மாற்றலாகிவிட்டார்கள். அறையில் நான் ஒருத்தன்தான்.

உன்
ராயப்பன்


சேசு மரி சூசை துணை
திண்டிவனம்
1944 ஜனவரி 23

ராயப்பன் அவர்களுக்குச் சவுரியம்மாள் எழுதுவது.

நவம்பர் முதலிலேயே அறை காலி என்று எழுதியிருக்கிறீர்கள். நவம்பர் பத்தாம் தேதி எனக்கு எழுதியபோது நீங்கள் அதில் தனியாகப் படுத்திருந்தீர்கள். அப்போது மேரி சன்னலில் நின்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இதை எழுதும்போது உங்கள் கை எப்படி நிற்காமல் ஓடியது என்றுதான் யோசிக்கிறேன். மறைக்க வேண்டும் என்றுகூட உங்களுக்குத் தோன்றவில்லை.

கல்லறையில் நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. "கடை கடைன்னு சுத்திக்கினு இருந்தியே, கடசியில எம் பொண்ணுக்குக் கொண்ணாந்து குடுத்துட்டியே" என்றீர்கள். சாமியார் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். எனக்கே அப்போது சந்தேகமாக இருந்தது. நான்தானோ, என் துணியில்தானோ, என் கையில்தானோ என்று ராத்திரியெல்லாம் கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கே இல்லை. யாரும் படி தாண்டவில்லை. நோய் வந்துவிட்டது. காய்ச்சிய தண்ணீரையே குடித்து, இரண்டு மாதத்துக்கு மேல் கடைக்குப் போய்வந்த எனக்கு ஒரு தலைவலி இல்லை. வீட்டுக்குள் இருந்து கிணற்றுத் தண்ணீர் குடித்தவர்களுக்குத்தான் வந்தது. நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை, நீங்கள் எழுதியதே போதும். அக்கா படுத்த பிறகு சுகாதாரத்துக்காரர் போலீசோடு போய்க் கிணற்றுக்கு மருந்து போட்டாராம். இங்கே வந்த நோயாளி ஒருத்தி சொன்னாள்.

அக்காவுக்கு வந்ததில் எனக்குச் சந்தோஷம் இல்லை. தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறிய பிறகு உப்புப் போட்ட கஞ்சி கொடுக்கச் சொல்லுங்கள். பையனுக்கும் அப்படியே. வாந்தி நிற்காவிட்டால் இங்கே கொண்டுவரட்டும், பார்க்க மாட்டோம் என்று யாரிடமும் சொல்வதில்லை. வந்தால் நானே கஞ்சி ஊற்றுவேன்.

ஆனால் அந்த வீட்டுக்குள் நான் வர மாட்டேன். உங்கள் அறைக்கும் வர மாட்டேன்.

இங்கே சமையல்கட்டில் வேலை. கடைக்குப் போவதும் நான்தான். காய்கறியும் கேப்பையும் வாங்கிக்கொண்டு தினம் வருகிறேன். வந்ததும் கையைக் கழுவிவிட்டு உள்ளே வா, சாப்பிடு என்கிறார்கள். முதல் நாள் அப்படிச் சொன்னபோது அழுதுவிட்டேன். பெரிய சிஸ்டர், உடம்புக்கு என்ன என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன்.

கடைக்குப் போய்வர ஆள் இல்லை என்று எழுதினீர்கள். நீங்கள் இருக்கிறீர்கள். விழுப்புரத்திலிருந்து இங்கே ரயில் வருகிறது. மேரிக்காகக் கேட்க முடியாத லீவை உங்கள் அண்ணனுக்காகக் கேட்டுப் பாருங்கள், மேஸ்திரி கொடுத்தாலும் கொடுப்பார்.

இனிமேல் எனக்கு எழுத வேண்டாம். வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன்.

மேரியின் தாய்
சவுரியம்மாள்