என் கணவரின் பேருந்துக்கு இனியும் அவகாசம் தர வேண்டாம்

அனுப்புநர்:
தையல்கடைக்காரி,
பேருந்து நிற்கும் மூலை வீடு,
நூலகத்துக்குப் பின்தெரு.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் பழைய பள்ளிப் பேருந்தை அப்புறப்படுத்தத் தங்கள் அலுவலகம் திரும்பத் திரும்ப அவகாசம் அளித்துவருவது பற்றிய புகார் – இனி அவகாசம் தராமல் கண்டிப்பான அறிவிப்பு வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை கொடுத்த புகார்.
2. அவரே அந்தப் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்ட கடிதம்.
3. தங்கள் அலுவலகம் வழங்கிய அவகாசக் கடிதங்கள், நான்கு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தெருவை அடைத்துக்கொண்டு வண்டி நிற்கிறது என்று புகார் வருவது தங்களுக்குப் புதிதல்ல. வண்டிக்காரரின் மனைவியே அப்படி எழுதுவது புதிதாக இருக்கலாம். நான் கோபத்தில் எழுதவில்லை. கோபப்பட்டெல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒரு வாரம் யோசித்துவிட்டுத்தான் இந்தத் தாளை எடுத்தேன். அருள்கூர்ந்து கடைசிவரை படிக்க வேண்டுகிறேன்.

1. என் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். ஊரில் எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டாலும் அவருக்குத்தான் போன் வரும். அதனால் திருமணமான நாள் முதல் நாங்கள் குடும்பமாக வெளியூர் போய் ஓர் இரவு தங்கியது கிடையாது. போட்ட திட்டமெல்லாம் யாரோ ஒருவருடைய நான்காவது மாடியில் நின்றுபோகும். என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "எல்லாரும் லீவுக்கு எங்கெங்கயோ போறாங்க. நாம மட்டும் மொட்டைமாடிக்குப் போறோம்" என்று சொல்லிவிட்டாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அவருக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. அடுத்த மாதமே அவளுடைய பள்ளிக்கூடம் கழித்துக்கட்டிய பேருந்தை ஏலத்தில் எடுத்து வந்து வாசலில் நிறுத்திவிட்டார். அதை ஒரு வீடாக மாற்றி, நான்கு பேரும் அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்து, கடலும் மலையும் பார்த்து வருவது என்று ஏற்பாடு. அப்போது என் மகன் ஒன்றாம் வகுப்பு. இப்போது அவனுக்கு மீசை அரும்பிவிட்டது. பேருந்து நின்ற இடத்திலேயே நிற்கிறது.

2. உள்ளே கொண்டுவருவதற்காகச் சுற்றுச்சுவரை இடித்தோம். அப்படியும் முழுதாக அடங்கவில்லை. வண்டியின் பின்பகுதி தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. குப்பை வண்டி ஒதுங்கித்தான் போக வேண்டியிருக்கிறது. இது சட்டப்படி தவறு என்பதை நான் முழு மனதுடன் ஒப்புக்கொள்கிறேன். தாங்களும் தயவுசெய்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

3. எதிர்வீட்டுத் தலைமையாசிரியை, தன் காரைத் திருப்ப முடியவில்லை என்று மூன்று ஆண்டுகளுக்கு முன் புகார் கொடுத்தார். முறையான புகார். தங்கள் ஆய்வாளர் அளவு நாடாவும் அறிவிப்புப் புத்தகமுமாக வந்தார். வெளியே நீட்டியிருந்ததை அளந்தார். முகம் கடுகடுவென்றுதான் இருந்தது. எனக்கு நம்பிக்கை பிறந்தது. அந்த நேரம் பார்த்து என் கணவர், "வந்தது வந்தீங்க, உள்ளயும் ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடுங்க சார்" என்றார். காரியம் கெட்டது அங்கேதான்.

உள்ளே ஒரு சாப்பாட்டு மேசை இருக்கிறது. ஒரு கொக்கியை விடுவித்தால் சுவரோடு மடிந்து, அதன் முதுகில் இருக்கும் கண்ணாடி முன்னால் வந்துவிடும். ஆய்வாளர் அதை மடக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு தானே மடக்கிப் பார்த்தார். பிறகு விரித்து மடக்கினார். போகும்போது, 'மேற்படி நபர் உரிய முயற்சி எடுத்துவருவதால்' என்று எழுதி மூன்று மாதம் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டாம் முறை வந்தபோது, வளைவில் திரும்பினால் கரண்டி இழுப்பறை தானாகத் திறந்துகொள்ளுமே என்று கவலைப்பட்டார். மூன்றாம் முறை அதற்கான தாழ்ப்பாளைத் தானே வாங்கி வந்தார். நான்காம் முறை அளவு நாடாவையே கொண்டுவரவில்லை.

தங்கள் ஆய்வாளர் நல்ல மனிதர். அதுதான் என் புகார்.

4. இதற்கிடையில் என் கணவர் தலைமையாசிரியையிடம் மன்னிப்புக் கேட்கப் போனார். போனவர் சும்மா வரவில்லை. அந்த அம்மா மாடி ஏறச் சிரமப்படுவதைப் பார்த்துவிட்டு, படிக்கட்டுக்குக் கைப்பிடி பொருத்திக் கொடுத்துவிட்டு வந்தார். பேருந்தின் பழைய பள்ளிக்கூட இருக்கைகளில் என் மகள் கழற்றக் கூடாது என்று அடம்பிடித்த ஒன்றை மட்டும் கடைசி ஜன்னல் ஓரம் விட்டுவைத்திருக்கிறோம். இப்போது மாலையில் அந்த அம்மா அதில் உட்கார்ந்துதான் செய்தித்தாள் படிக்கிறார். வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம். புகாரையும் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆக, இந்தப் பேருந்து இங்கிருந்து போக வேண்டும் என்று இந்தத் தெருவில் சொல்ல நான் ஒருத்திதான் மிச்சம்.

5. அப்படி இத்தனை வருடம் என்னதான் வேலை என்று தாங்கள் கேட்கலாம். முதல் இரண்டு வருடத்திலேயே பெரும்பாலும் முடிந்துவிட்டது. அடுப்பு, தொட்டி, தண்ணீர்க் குழாய், மின்விசிறி, அடுக்குக் கட்டில் எல்லாம் வந்துவிட்டன. திரைகளும் மெத்தை உறைகளும் நான் தைத்தவை. ஆனால் மகளின் கட்டிலை அவர் அவளுடைய பன்னிரண்டு வயது உயரத்துக்குச் செய்திருந்தார். பிள்ளை அதே உயரத்தில் நிற்குமா? அடுத்த வருடம் கால் வெளியே நீட்டியது. கட்டிலை நீட்டினார். நீட்டியதால் கால்மாட்டில் இருந்த அலமாரி நகர்ந்தது. அலமாரி நகர்ந்ததால் தொட்டி நகர்ந்தது. தொட்டி நகர்ந்ததால் தரையைப் பெயர்த்துக் குழாயைத் திருப்ப வேண்டிவந்தது. அது முடிவதற்குள் மகன் வளர ஆரம்பித்தான். சுருங்கச் சொன்னால், எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை ஒரு சாண் வளர்ந்தால் பேருந்துக்குள் சமையலறை ஒரு சாண் நகரும்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். ஆனால் மகள் வளர்ந்து முடித்து நான்கு வருடம் ஆகிறது. வாகனப் பதிவு அலுவலகத்துக்கு ஓட்டிப்போய்ப் பதிவையும் மாற்றிக்கொண்டு வந்தாகிவிட்டது. அந்த வண்டி போன ஒரே பயணம் அதுதான். ஞாயிறுதோறும் இன்ஜினை ஓடவிட்டுப் பார்க்கிறார். ஒரு குறையும் இல்லை. ஆனாலும் எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான்: "இன்னும் ஒரே ஒரு வேலை பாக்கி இருக்கு."

6. அவரைச் சோம்பேறி என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாது. லிஃப்ட் வேலையில், சரியாகிவிட்டது என்று அவர் சொன்னால் அடுத்த நிமிடம் அதில் ஜனங்கள் ஏறுவார்கள். அதனால் முடிந்தது என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து லேசில் வராது. வெகுநாள் நானும் அதுதான் காரணம் என்று நினைத்திருந்தேன். அது பாதிக் காரணம்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டைத் தாங்கள் பார்க்க வேண்டும். வீட்டுக்குள் இருந்தால் ஆளுக்கொரு மூலையில் ஆளுக்கொரு போன். பேருந்துக்குள் போய்விட்டால் மகள் டார்ச் பிடிப்பாள், மகன் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான், நான் கடைசி இருக்கையில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோப்பேன். பரீட்சையில் கோட்டை விட்டதை மகன் சொன்னது அங்கேதான். மகள் தனக்குப் பிடித்த பையனைப் பற்றி முதன்முதலில் வாய் திறந்ததும் அங்கேதான். அவள் சொன்னபோது இவர் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். அடியிலிருந்தே, "பையன் என்ன வேலை பாக்குறான்?" என்று ஒரு குரல் மட்டும் வந்தது. முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் வீடு இரண்டாகியிருக்கும்.

7. இப்போது மகளுக்குத் தூரத்து ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. ரயிலில் ஒரு முழுப் பகலும் இரவும் போக வேண்டும். அடுத்த மாதம் கிளம்புகிறாள். உத்தரவு வந்த அன்று எல்லோருக்கும் மகிழ்ச்சி. இவரும் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். அடுத்த ஞாயிறு பேருந்துக்குள் போய் அவளுடைய கட்டிலை மொத்தமாகக் கழற்றிப் போட்டுவிட்டார். கிறீச்சென்று ஒரு சத்தம் வருகிறதாம். எனக்குத் தெரிந்து ஒரு சத்தமும் வரவில்லை.

தேநீர் கொண்டுபோனேன். பலகையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். கையில் திருப்புளி கூட இல்லை. "போட்டதை ஏன் கழட்டினீங்க?" என்றேன். பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இதை முடிச்சிட்டா அப்புறம் ஞாயித்துக்கிழமை யாரு வருவா?" என்றார்.

ஐயா, லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களை வெளியே நின்று பேசியே சமாதானப்படுத்துகிற மனிதர் அவர். அவரைச் சமாதானப்படுத்த என்னிடம் இருந்தது அந்தத் தேநீர் மட்டும்தான். தேநீரை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மகள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரியாவது அந்தக் கட்டில்ல தூங்கணும்மா. வாசல்ல இல்ல, வேற எங்கயாவது." அவளுக்காகச் செய்த கட்டில் அது. அவளோடு சேர்ந்து வளர்ந்த கட்டில். அதில் அவள் ஒருநாள் கூடப் படுக்காமல் ரயில் ஏறிவிட்டால், மனைவி என்ற முறையில் அவரையும் தாய் என்ற முறையில் என்னையும் நான் மன்னிக்க மாட்டேன்.

8. இதில் நகராட்சி எங்கே வருகிறது என்றால், என் கணவர் என் பேச்சைக் கேட்பதில்லை, பிள்ளைகள் பேச்சைக் கேட்பதில்லை, முத்திரை குத்திய தாள் சொன்னால் கேட்பார். லிஃப்ட் சோதனைக்கு அதிகாரி ஒரு தேதி குறித்துவிட்டால் சோறு தண்ணி மறந்து அதற்குள் முடித்துவிடுவார். வரி, கட்டணம், உரிமம் எதற்கும் அவர் ஒருநாள் தாமதித்ததில்லை. கெஞ்சியும், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டும், இரண்டு நாள் பேசாமல் இருந்தும் நான் சாதிக்காததைத் தங்கள் முத்திரை ஒரே நாளில் சாதித்துவிடும்.

9. ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கோருகிறேன்:

அ) மகள் கிளம்புவதற்குப் பத்து நாட்கள் முன்னதாகவே பேருந்தை வாசலிலிருந்து எடுத்துவிட வேண்டும், தவறினால் நகராட்சியே இழுத்துச் செல்லும் என்று தேதியோடு அறிவிப்பு எழுதி, முன்கண்ணாடியில் ஒட்ட வேண்டும். எழுத்து பெரிதாக இருக்கட்டும்.

ஆ) அதை ஒட்ட வேறொரு ஆய்வாளரை அனுப்ப வேண்டும். பழையவரையே அனுப்ப நேர்ந்தால், அவர் எக்காரணம் கொண்டும் வண்டிக்குள் ஏறக் கூடாது. தேநீர் வாசலுக்கே வந்துவிடும்.

இ) என் கணவர் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு தங்களைப் பார்க்க வருவார். தாங்கள் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டாம். மிக அழகாக வரைந்திருக்கிறார். பார்த்தால் தாங்களும் கவிழ்ந்துவிடுவீர்கள்.

ஈ) பயணம் முடிந்து வந்த பிறகு வண்டியை நிறுத்த, மரக்கடைக்காரரிடம் இடம் பேசி வைத்துவிட்டேன். தெருவுக்கு இனித் தொல்லை இராது. ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் வேலை பார்க்கலாமா என்றும் கேட்டேன், தாராளமாக வரலாம் என்றார். மகன் இருக்கிறான், நான் இருக்கிறேன். இதை என் கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. வண்டி கிளம்பிய பிறகு சொல்லிக்கொள்கிறேன்.

உ) இந்த மனுவைக் கொடுத்தது யார் என்பது அவருக்குத் தெரிய வேண்டாம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். மகளின் தலையணை உறைக்கு நேற்று ஓரம் அடித்து முடித்தேன். நேராகத்தான் இருந்தது. அதை உட்கார்ந்து நானே பிரித்திருக்கிறேன். பிரித்து முடித்த பிறகுதான் என்ன செய்கிறேன் என்பதே எனக்கு உறைத்தது. உறையை மறுபடி அடித்துவிட்டேன், அது பெரிய வேலையில்லை. ஆனால் அறிவிப்பு ஒட்டிய பிறகு, தேதி நெருங்கும்போது, அவர் தங்களிடம் வராமல் நான் வந்தாலும் வருவேன் என்று தோன்றுகிறது. மழையாக இருக்கிறது, சக்கரம் சரியில்லை, இன்னும் ஒரு வாரம் மட்டும் கொடுங்கள் என்று ஏதாவது சொல்லிக்கொண்டு தங்கள் மேசை முன்னால் நிற்பேன். அழுதாலும் அழுவேன்.

அப்போது இந்த மனுவை எடுத்து என்னிடம் காட்டி, முடியாது என்று சொல்லி அனுப்பிவிடும்படி தங்களை மிகவும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
புகார்தாரர்,
(கையொப்பம்)

இடம்: மேற்படி பேருந்து, கடைசி ஜன்னல் இருக்கை.
நாள்: ஞாயிற்றுக்கிழமை. அவர் திருகாணி வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார்.