வெளியூரில் மட்டும் ஓடிய மதினிக்கு

அன்பு மதினி,

நீங்கள் போய் ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது. இத்தனை நாள் உங்களுக்கு எழுத எனக்கு ஒன்றும் இல்லை. இப்போது ஒரு செய்தி இருக்கிறது. சொல்ல வேண்டிய ஆள் நீங்கள்தான் என்பதால் எழுதுகிறேன்.

வேலை பழையதுதான். ஆஸ்பத்திரிகளுக்குக் கம்ப்யூட்டர் மென்பொருள் போட்டுக் கொடுத்து, அங்கே இருக்கிற நர்சுகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வருகிறேன். மாதத்தில் பத்து நாள் மதுரையில் இருப்பதில்லை. உங்கள் மகள் கோயம்புத்தூரில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கவில்லை என்கிறாள், ஆனால் இளைக்கவில்லை.

அண்ணனும் நானும் பேசிக்கொள்வதில்லை. அது உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. மூன்றாவது பீரியடில் கரும்பலகைக்கு முன்னால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது நீங்கள் விழுந்தீர்கள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். நான் தூத்துக்குடியிலிருந்து பஸ் மாறி மாறி ஒக்கூர் வந்து இறங்கியபோது உங்களைக் கூடத்தில் படுக்க வைத்திருந்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "ஒழுங்கா இருந்தவள ஊரு ஊரா ஓட விட்டுக் கொன்னுட்டியே. இனிமே இந்த வீட்டுப் பக்கம் வராத" என்றார். கூடியிருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். ஓட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். அதை யார் வாசித்துக் காட்டுவது? அன்றைக்குச் சாயங்காலமே திரும்பிவிட்டேன்.

நாம் ஓடுவது அண்ணனுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் பஸ்ஸில் எனக்கு ஓடிக்கொண்டிருந்த யோசனை. அழுகைகூட அதற்குப் பிறகுதான் வந்தது.

எட்டு வருடம் காப்பாற்றிய ரகசியம் என்று நினைத்திருந்தேன். குற்றாலத்தில் ஆரம்பித்தது. குடும்பத்தோடு போய் லாட்ஜில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருக்க, நாம் இரண்டு பேர் மட்டும் விடிகாலையில் பழைய அருவி ரோட்டில் நடக்கப் போனோம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் வயல், மறுபக்கம் மேகம் இறங்கிய மலை. பேசிக்கொண்டே வந்த நீங்கள் திடீரென்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட ஆரம்பித்தீர்கள். பாம்பு ஏதோ வந்துவிட்டது என்று நானும் பின்னால் ஓடி வந்தேன். ரோடு திரும்புகிற இடத்தில் நின்று மூச்சு வாங்கச் சிரித்தீர்கள்.

"இங்க நம்மள யாருக்கும் தெரியாதுல்ல மீனா?"

"யாருக்குத் தெரியும் மதினி."

"அப்ப அந்தப் பாலம் வரைக்கும் போவோம்."

அவ்வளவுதான் ஆரம்பம். அதன் பிறகு விடைத்தாள் திருத்தும் முகாம், பயிற்சி வகுப்பு என்று உங்களை எந்த ஊருக்குப் போடுகிறார்களோ அங்கே நீங்கள் ஓடினீர்கள். வேலைக்குப் போன ஊர்களில் நான் ஓடினேன். லீவு சேர்ந்தால் இரண்டு பேரும் சேர்ந்து ஓடினோம். சொந்த ஊரில் மட்டும் ஓடவில்லை. என் சுடிதாரும் கேன்வாஸ் ஷூவும் ஒக்கூருக்குப் போகும்போது பையில் இருக்கும், வரும்போதும் பையிலேயே இருக்கும்.

புது ஊரில் ஓட நல்ல இடம் கண்டுபிடிப்பதில் உங்களுக்கு இருந்த சாமர்த்தியம் எனக்கு இன்னும் வரவில்லை. நான் செல்போனில் வரைபடத்தைப் பார்ப்பேன். அதில் பச்சையாக இருப்பது பூங்கா என்று போனால் சுடுகாடாக இருக்கும். நீங்கள் முந்தின நாள் சாயங்காலம் பூக்காரம்மாவிடம் ஒரு முழம் வாங்குவீர்கள். வாங்கிக்கொண்டே, "காலையில நடக்குற பொம்பளைக எல்லாம் எங்குட்டுப் போவாக?" என்று கேட்பீர்கள். பெண்கள் நடக்கிற இடத்தில் வெளிச்சம் இருக்கும், நாய் குறைவாக இருக்கும், குடிகாரன் இருக்க மாட்டான். பார்க்கவும் அந்த இடம் எப்போதும் நன்றாகவே இருந்தது, அது ஏனோ தெரியவில்லை. தூத்துக்குடியில் உப்பளத்தை ஒட்டிய ரோடு அப்படித்தான் கிடைத்தது. விடியும்போது உப்புக் குவியல் எல்லாம் இளஞ்சிவப்பாக நிற்கும். கும்பகோணத்தில் காவிரிக் கரையும் அப்படிக் கிடைத்ததுதான்.

தனுஷ்கோடி ரோடு நினைவிருக்கிறதா? இரண்டு பக்கமும் கடல். காற்று எதிரே நின்று பிடித்துத் தள்ளியது. நடப்பவர்களைவிட மெதுவாக ஓடினோம். "திரும்பி வர்றப்ப நாம சும்மா காலத் தூக்குனாப் போதும் மீனா, அதுவே கொண்டாந்து விட்டுரும்" என்றீர்கள். திரும்பியபோது காற்று நின்றுவிட்டது. நீங்கள் கடலைப் பார்த்துத் திட்டியதை ஒரு மீனவர் நின்று கேட்டுவிட்டுப் போனார்.

நீங்கள் இறந்த பிறகு ஐந்து மாதம் ஓடவில்லை. பிறகு நாகர்கோவிலில் ஒரு காலையில் ஓடினேன். ஏன் அன்று, ஏன் அங்கே என்றால் தெரியாது. சீக்கிரம் விழிப்பு வந்துவிட்டது, ஷூ பையில் இருந்தது.

போன மாதம் காரைக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வேலை வந்தது. ஒக்கூர் அங்கிருந்து ஒரு மணி நேரம். பிறந்த வீட்டை ஒரு மணி நேரத் தூரத்தில் வைத்துக்கொண்டு லாட்ஜில் அறை எடுத்தேன். பெட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தபோதுதான் தோன்றியது, இந்தப் பக்கத்தில் நான் ஒரு தடவைகூட ஓடியதில்லை என்று. எந்த ஊரிலும் செய்வதைத்தான் செய்தேன். பூக்காரம்மாவிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இங்குட்டு எல்லாம் வண்டி நெரிசல் ஆத்தா. கீழச்சிவல்பட்டிப் பக்கம் போ. தெருவு ஒவ்வொண்ணுலயும் தேரு ஓட்டலாம், அம்புட்டு அகலம்" என்றார்.

ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி தன் ஸ்கூட்டியைக் கொடுத்தாள். மறுநாள் ஆறு மணிக்குக் கீழச்சிவல்பட்டியில் இருந்தேன். அந்த வழியாக எத்தனை தடவை பஸ்ஸில் போயிருப்போம்! இறங்கியதில்லை. ஒரு வீட்டின் சுவரை ஓடிக் கடக்கவே நேரம் எடுத்தது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். மாடியில் சுதைப் பொம்மைகள் வரிசையாக நின்றன, பாதி வீடுகளில் பூட்டுத் தொங்கியது. செம்மண்ணில் பனி இறங்கியிருந்ததால் தூசி எழும்பவில்லை. கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு ஆச்சி நிமிர்ந்தார்.

"யாரு வீட்டுக்கு வந்திருக்கீக?"

"யாரு வீட்டுக்கும் இல்ல ஆச்சி. ஓட வந்தேன்."

"ஓடவா?" கொஞ்சம் யோசித்தார். "சரி, ஓடுங்க. அங்குட்டுப் போகாதீக, நாலு நாய் கெடக்கு. இங்குட்டுத் திரும்பிக் கோயில் வழியா வாங்க."

இவ்வளவுதானா என்று இருந்தது மதினி. எட்டு வருடம் எதற்குப் பயந்தோமோ, அது கோலப்பொடிக் கிண்ணத்தோடு உட்கார்ந்து எனக்கு வழி சொன்னது.

மூன்றாம் நாளும் கீழச்சிவல்பட்டிக்கு என்றுதான் இருட்டோடு கிளம்பினேன். அங்கே நிறுத்தவில்லை. திருப்பத்தூரும் தாண்டிவிட்டது. ஒக்கூர் கண்மாய்க் கரையடியில் ஸ்கூட்டியை நிறுத்தியபோது நன்றாக விடிந்திருந்தது. இந்த வருடம் மழை பரவாயில்லை, முக்கால் கண்மாய்க்குத் தண்ணீர். நாரைகள் வந்திருந்தன. தண்ணீருக்கு மேலே புகை போலப் பனி நின்றது. கரையில் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் அடைத்து ஒரு ஆள் போகத்தான் வழி. இதை வேறு எந்த ஊரில் பார்த்திருந்தாலும் உடனே போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பியிருப்பேன். பிறந்ததிலிருந்து பார்க்கிற கண்மாய் இவ்வளவு அழகு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

முள்ளுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓடினேன். நடு மடைக்குப் பக்கத்தில் எதிரே ஒரு மொபெட் வந்தது. விலக இடமில்லை, நின்றேன். அதுவும் நின்றது. அண்ணன். வயலில் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்துகொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது.

"எப்ப வந்த?"

"மூணு நாளாச்சுண்ணே. காரைக்குடியில வேலை."

"எங்க தங்கியிருக்க?"

"லாட்ஜுல."

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் என் ஷூவைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் எனக்குப் பதில் தயாராக இருந்தது, ஒரு வருடமாக வைத்திருந்தேன்.

"இங்கதான் ஓடணும்னு கேட்டா" என்றார்.

"யாரு?"

"யாரு? உன் மதினிதான். குத்தாலத்துக்குப் போயிட்டு வந்த மறு வாரமே கேட்டா. கம்மாக் கரையில காலையில ஒரு ஓட்டம் ஓடிட்டு வந்துரட்டுமான்னா. நாலு பேரு பாப்பாக, டீச்சர் பொம்பள ஓடுதுன்னு சிரிப்பாக, வேணும்னா வெளியூர்ல ஓடிக்கன்னேன். மறு வருசமும் கேட்டா. அப்பறம் கேக்கல."

மதினி, அண்ணனுக்கு எல்லாம் தெரியுமா? தெரிந்துதான் அவர் முன்னால் என்னை அப்படிப் பொய் சொல்ல விட்டீர்களா? கோயிலுக்குப் போனோம், சந்தைக்குப் போனோம் என்று நான் வரிசையாக அடுக்கும்போது நீங்கள் பாட்டுக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தீர்களே. நீங்கள் கேட்டு அவர் கூடாது என்று சொல்லிவிட்டதை என்னிடம் சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருந்ததா? அவரை நான் கோபித்துக்கொள்வேன் என்று நினைத்தீர்களா?

"போட்டோவெல்லாம் காட்டுவா" என்றார் அண்ணன். "எனக்கு என்ன தெரியும், எல்லாம் ரோடாத்தான் தெரிஞ்சுச்சு. நல்லாருக்குன்னு சொல்லுவேன்." மொபெட்டை அணைத்தார். "இங்க ஓடியிருந்தா நான் பாத்திருப்பேன்."

வைத்திருந்த பதில் எதற்கும் ஆகவில்லை.

"எப்பிடி ஓடுவா?"

இதைக் கேட்டபோதும் அவர் என்னைப் பார்க்கவில்லை. ஓடிக் காட்ட எனக்கு வராது, சொன்னேன். வேகம் கிடையாது. இடது கை துப்பட்டா நுனியை விடாது. வலது பாதம் கொஞ்சம் வெளியே விலகி விழும். வாய்க்குள் ஏதாவது பேசிக்கொண்டே ஓடுவீர்கள். யாராவது முந்திப் போனால் பொறுக்காது, பத்தடி விரட்டிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். அந்தக் கடைசி விஷயத்துக்கு அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்து மொபெட் கைப்பிடியில் நெற்றியை வைத்துக்கொண்டார். நான் கிட்டே போகவில்லை. போயிருக்கலாம்.

பிறகு வண்டியைச் சிரமப்பட்டுத் திருப்பினார். "ஓடு. கலுங்கு வரைக்கும் நான் முன்னால போறேன், முள்ளு கிடந்தா சொல்றேன்" என்றார். அவர் போனார், நான் பின்னால் ஓடினேன். மூன்று இடத்தில் கை காட்டினார். உபரித் தண்ணீர் வெளியேறும் கலுங்கில் இறங்கி, வீட்டுப் பக்கம் தலையை அசைத்தார். போனேன். பழைய சோற்று நீச்சத் தண்ணீர் கொடுத்தார். உங்கள் படத்துக்கு மாலை புதிதாகத்தான் இருந்தது. அன்றைக்குப் பேசியது சரியில்லை என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அது இன்னும் எனக்குள் கிடக்கிறது, இல்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

நேற்று போன் செய்தார். கருவேலத்தை வெட்டி ஒதுக்கிவிட்டாராம். இரண்டு பேர் ஒன்றாகப் போகிற அளவுக்கு வழி ஆகிவிட்டதாம். "டீக்கடையில கேட்டாக, எதுக்குடா வெட்டுறன்னு. என் தங்கச்சி ஓட வருதுன்னேன்" என்றார். போனை வைத்துவிட்டார்.

பொங்கலுக்கு ஒக்கூர் போகிறேன் மதினி. உங்கள் மகளும் வருகிறாள். மாட்டுப் பொங்கல் அன்று காலை, ஊரே கண்மாயில் மாடு குளிப்பாட்டிக்கொண்டு நிற்கும் நேரத்தில், அந்தக் கரையில் முதல் மடையிலிருந்து கலுங்கு வரை ஓடுவேன். வாக்குக் கொடுக்கிறேன். யார் வீட்டுப் பெண் என்று யாராவது கேட்டால், உங்கள் பெயரைச் சொல்லி அவருடைய நாத்தனார் என்பேன்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்
மீனா