வெள்ளைப் பலூன் எலும்புக்கூடு

ஒக். 28, செவ்வாய்
காலையிலிருந்து மழை. குடையை ட்ராமில் விட்டுவிட்டேன்.
தளபாடக் கடையில் பயிற்சி, ஐந்தாம் மாதம். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். இன்று கையில் கிடைத்தது நூறு நீள வெள்ளைப் பலூன், ஒரு கைப்பம்ப். ஹலோவீனுக்கு ஆளுயர எலும்புக்கூடு வேண்டுமாம். “உங்களுக்குத்தான் பொறுமை அதிகம்,” அலங்காரப் பகுதித் தலைவி ஃப்ராவ் கெஸ்லர். யூலியாவும் பயிற்சிக்காரிதான். அவளுக்கு வரவேற்பு மேசை. பொறுமை இல்லாததால் போலும்.
ஜனவரியில் நிரந்தர இடம் ஒன்று. நாங்கள் இரண்டு பேர். வெள்ளிக்கிழமை மேலாளர் ஹெர் ஷூல்ட்ஸ் வந்து பார்த்து முடிவு செய்வார்.

ஒக். 29, புதன்
பின்னேரம் வீட்டில் ஒத்திகை. கற்றது:
– நுனியில் நாலு விரல் காற்றில்லாமல் விட வேண்டும். முறுக்க முறுக்கக் காற்று அங்கே போகும்.
– எல்லா முறுக்கும் ஒரே பக்கம். மாற்றினால் முதல் முறுக்கு அவிழும்.
– விலா எலும்பு: ஏழாம் தடவையும் வெடித்தது.
அப்பா உணவக வேலைக்குப் போகுமுன் படுத்திருந்தார். மூன்றாம் வெடிக்கு எழும்பி வந்தார். “என்ன பிள்ளை, ஊரிலை மாதிரி இஞ்சையும் சுடத் தொடங்கிட்டாங்களோ?”
“பலூன் அப்பா.”
“இதுக்கோ இவ்வளவு காலம் படிச்சனீ?”
சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.
அம்மாவுக்குக் கந்தசஷ்டி விரதம், முதல் நாள். “விரத வீட்டிலை எலும்புக்கூடு செய்யிறாள். முருகா!” பிறகு வந்து பலூன் இடுப்பெலும்பை எனக்காகப் பிடித்துக்கொண்டார். “கெதியா முறுக்கு, எனக்குப் பயமாக்கிடக்கு.”

ஒக். 30, வியாழன்
கடையில் முழு நாள். மண்டையோட்டுக்கே இரண்டு மணி நேரம். விரல்நுனி எரிச்சல். சாப்பாட்டிலும் இறப்பர் மணம்.
யூலியா கோப்பியோடு வந்தாள். “என்ன அழகு! உனக்கு இதெல்லாம் இயல்பாக வருகிறது.” இயல்பாகவா? குப்பைத்தொட்டியை எட்டிப் பார்த்திருக்கலாம்.

ஒக். 31, வெள்ளி
சிறுவர் கட்டில்களுக்கு மேலே தொங்கவிட்டோம். பிள்ளைகள் அலறல். ஒரு சின்னப் பெண் அதன் காலைப் பிடித்துக் குலுக்கினாள்.
ஹெர் ஷூல்ட்ஸ் நின்று விலா எலும்புகளை எண்ணினார். பன்னிரண்டு சோடி, சரி. “அற்புதம்! யார் செய்தது?”
“நான்.”
“பெரிய வேலையாக இருந்திருக்குமே?”
தரையைப் பார்த்தேன். “ஒன்றுமில்லை. சின்ன வேலை. சீக்கிரம் முடிந்துவிட்டது.”
“அப்படியா?” போய்விட்டார். மேசை அலங்கரிக்க எவ்வளவு கஷ்டப்பட்டாள் என்று யூலியா அவருக்குப் பத்து நிமிடம் சொன்னாள். மேசையில் இருந்தவை: பூசணிக்காய் மூன்று, துண்டுப்பிரசுரம்.

நவ. 1, சனி
விடுமுறை. மேல்மாடி ராணி அக்கா வந்து அம்மாவிடம்: “வடை திறமாயிருக்கு அக்கா!”
“சும்மா போங்கோ, ஒண்டுமில்லை. அவசரத்திலை சுட்டது.” சொன்னது அம்மா, விடிய எழும்பி, வெறும் வயிற்றோடு உளுந்து அரைத்தவர்.
“உந்தக் கதையை விட்டிட்டுப் பக்குவத்தைச் சொல்லுங்கோ.” இன்னும் இரண்டு எடுத்தார்.
ராணி அக்காவுக்கு அதை நம்பக்கூடாது என்று தெரியும். ஷூல்ட்ஸ் அப்படியே நம்பினார்.

நவ. 3, திங்கள்
இடம் யூலியாவுக்கு.
நடைவழியில் வைத்துச் சொன்னார் ஃப்ராவ் கெஸ்லர்: “உங்கள் பொம்மை அவருக்குப் பிடித்தது. ஆனால் சின்ன வேலை என்று நீங்களே சொன்னீர்களாம். யூலியா பெரிய பொறுப்பைச் சமாளித்தாள்.” ஒப்பந்தம் புதன்கிழமை கையெழுத்தாகும்.
யூலியா மேல் கோபம். கெஸ்லர் மேல். அம்மா மேல். எல்லாரையும் விட என் வாயின் மேல்.
அம்மா: “தன்ரை வாயாலை பெருமை பேசலாமோ, பிள்ளை?”
“நடந்ததைச் சொல்லுறது பெருமையோ அம்மா?” கத்திவிட்டேன். அவர் பால் காய்ச்சப் போனார்.

நவ. 4, செவ்வாய்
முன்கூட்டி நேரம் கேட்காமல் ஷூல்ட்ஸின் அறைக் கதவைத் தட்டினேன். எழுதிக்கொண்டு போன கடதாசியை நின்றபடியே வாசித்தேன். மூன்று நாள். அறுபத்தொரு பலூன். வெடித்தவை வேறு, இருபத்திரண்டு. வரைபடம் என்னுடையது, யாரும் உதவவில்லை. (அம்மாவின் இடுப்பெலும்பைச் சொல்லவில்லை.)
“பிறகு ஏன் ஒன்றுமில்லை என்றீர்கள்?”
எங்கள் பழக்கம் என்று சொல்லியிருக்கலாம். புன்னகைத்து, தலையாட்டி, அனுப்பியிருப்பார்.
“பொய் சொன்னேன்,” என்றேன்.
பேனாவை மூடினார். உட்காரச் சொல்லிக் கதிரையைக் காட்டினார். இருந்தேன்.